சாவியைத் திருகினால் ‘டக்’ சத்தம் மட்டும் வருகிறது, கார் ஸ்டார்ட் ஆகவில்லை. பேட்டரி போய்விட்டதா?

போயிருக்கலாம். ஆனால் கடைக்குப் போவதற்கு முன் பத்து நிமிடம் பொறுங்கள். அந்தப் பத்து நிமிடம் பொறுக்காமல் புது பேட்டரி வாங்கியவன் நான்.

எங்கள் வீடு காரைக்குடிப் பக்கம் பள்ளத்தூரில். இருப்பதெல்லாம் சென்னையில்தான். கல்யாணம், முன்னோருக்குப் படைப்பு, பிள்ளையார் நோன்பு என்றால் வீடு திறக்கும், மற்ற நாளில் பூட்டு. செட்டிநாட்டுக்காரர்களுக்கு இது புதிதில்லை. ஊரில் ஓடுவதற்கென்று ஒரு பழைய பெட்ரோல் வண்டி கொட்டகையில் நிற்கும். ஒரு வருடம் நோன்பு முடிந்த மறுநாள் விடிகாலை, ஆத்தாவைக் காரைக்குடியில் பல்லவன் ரயில் ஏற்றிவிட வேண்டும். முதல் நாள் வரை ஓடிய வண்டி. சாவியைத் திருகினேன், டக். திரும்பத் திருகினேன், டக். ஆத்தாவை ஆட்டோவில் அனுப்பிவிட்டு, கடை திறந்ததும் புது பேட்டரி வாங்கிவந்து மாட்டினேன். திருகினேன். அதே டக்.

அப்புறம்தான் எங்களுக்கு முன்பு வண்டி ஓட்டிய அண்ணனைக் கூப்பிட்டேன். பானெட்டைக்கூடத் திறக்கவில்லை அவர். “தம்பி, ஹெட்லைட்டப் போட்டுட்டுச் சாவியத் திருகுங்க” என்றார். டக் என்றது. வெளிச்சம் கொஞ்சமும் மங்கவில்லை. “பேட்டரி நல்லாத்தான் இருக்கு. பழசும் நல்லாத்தான் இருந்திருக்கும்” என்று சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்க்காமல் திரும்பிக்கொண்டார்.

நீங்களும் அதைத்தான் முதலில் செய்ய வேண்டும். கியரை நியூட்ரலில் வைத்து, ஹேண்ட்பிரேக் போட்டு, விளக்கை எரியவிட்டுச் சாவியைத் திருகுங்கள். ‘டடடட’ என்று வேகமாக அடித்து விளக்கு அணைகிற மாதிரி மங்கினால், பேட்டரியில் சார்ஜ் இல்லை அல்லது டெர்மினலில், அதாவது வயர் மாட்டும் முனையில், பிடிப்பு இல்லை. செல்ஃப் மோட்டார் எஞ்சினைச் சுற்ற நூறு ஆம்பியருக்கு மேல் இழுக்கும். அதற்கு முன் சொலினாய்டு என்கிற காந்த சுவிட்ச் உள்ளே இழுத்து இணைப்பைப் போட வேண்டும். அது போட்ட கணமே பலவீனமான பேட்டரியில் வோல்டேஜ் சரிந்துவிடும், சொலினாய்டு விட்டுவிடும், வோல்டேஜ் மீளும், மறுபடி இழுக்கும். அந்த அடிதான் நமக்குக் கேட்பது.

மல்டிமீட்டர் இருந்தால் சந்தேகமே வேண்டாம். நின்ற வண்டியில் 12.6 வோல்ட் என்றால் முழு சார்ஜ், 12.2 என்றால் பாதி, 12-க்குக் கீழே என்றால் காலி. செல்ஃப் அடிக்கும்போது 9.6-க்குக் கீழே சரியக் கூடாது.

எங்கள் பக்கம் ‘டடடட’ அதிகம் கேட்க நின்றே கிடக்கும் வண்டிகள்தான் காரணம். பூட்டி வைத்தாலும் கடிகாரம், அலாரம், கம்ப்யூட்டர் எல்லாம் கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்துக்கொண்டே இருக்கும். 50 மில்லி ஆம்பியர் என்று வையுங்கள். 45 ஆம்பியர்-ஹவர் பேட்டரி 900 மணி நேரத்தில், அதாவது 37 நாளில் தீர்ந்துவிடும். சித்திரை வெயிலில் தானாக இறங்குவது தனி.

சார்ஜ் இல்லை என்று தெரிந்தால் பக்கத்து வண்டியிலிருந்து ஜம்ப் கொடுக்கலாம். சிவப்பு கேபிளை முதலில் உங்கள் பிளஸ்ஸில், பிறகு அவர்கள் பிளஸ்ஸில் மாட்டுங்கள். கறுப்பை அவர்கள் மைனஸில் மாட்டி, மறுமுனையை உங்கள் எஞ்சினில் பெயிண்ட் இல்லாத இரும்பில் போடுங்கள். உங்கள் பேட்டரியின் மேல் போட்டால் பொறி பறக்கும், அங்கே ஹைட்ரஜன் வாயு இருக்கலாம். கியர் வண்டியென்றால் இரண்டாம் கியரில் தள்ளியும் எடுக்கலாம். ஆட்டோமேட்டிக்கைத் தள்ளி லாபமில்லை. அதோடு டெர்மினலில் வெள்ளையாக, பச்சையாக உப்புப் பூத்திருந்தால் மைனஸை முதலில் கழற்றி, சுடுதண்ணீரில் ஆப்பசோடா கரைத்துக் கழுவித் துடைத்து, மைனஸைக் கடைசியாக மாட்டுங்கள். கையால் அசைத்தால் கிளாம்ப் ஆடக் கூடாது. பாதிப் பேருக்கு வேலை இத்தோடு முடிந்துவிடும் என்பது என் அனுபவம்.

ஒற்றை ‘டக்’, விளக்கும் மங்கவில்லை என்றால் கதை வேறு. செல்ஃப் மோட்டாரில் கார்பன் பிரஷ் தேய்ந்திருக்கலாம், சொலினாய்டு உள்ளே கருகியிருக்கலாம். ஒருவர் சாவியைத் திருக, இன்னொருவர் ஸ்பேனர் பிடியால் மோட்டார் உடம்பில் மெதுவாகத் தட்டினால் சில நேரம் எடுத்துவிடும். எடுத்தால் சந்தோஷப்படாதீர்கள், நேரே மெக்கானிக்கிடம் போங்கள்.

எனக்கு அதுவும் இல்லை. அண்ணன் ஜம்பர் கேபிளின் ஒரு முனையைப் பேட்டரி மைனஸிலும் மறுமுனையை எஞ்சின் இரும்பிலும் கொடுத்துத் திருகச் சொன்னார். ஒரே திருகலில் வண்டி எடுத்துவிட்டது! எஞ்சினிலிருந்து பாடிக்குப் போய், கரண்ட் பேட்டரி மைனஸுக்குத் திரும்ப வழிவிடும் எர்த் பட்டை மழை ஈரத்தில் துருவேறி, இரண்டு மூன்று இழையில் தொங்கிக்கொண்டிருந்தது. விளக்குக்குப் பாடி எர்த் போதும், அது எரிந்தது. மோட்டாருக்கு அந்தப் பட்டை வேண்டும். போல்ட்டைக் கழற்றி உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, புதுப் பட்டை போட்டார்.

அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுக்க, 1948-ல் அடிக்கல் நாட்டப்பட்டு, 1953-ல் திறக்கப்பட்ட மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம், எங்கள் ‘சிக்ரி’, இருக்கிற ஊர் காரைக்குடி. பேட்டரி ஆராய்ச்சி நடக்கிற ஊரில் போய், நல்ல பேட்டரியை எடைக்குக் கொடுத்துவிட்டு வந்தேன்.

இப்போதெல்லாம் ஊரைவிட்டுக் கிளம்பும்போது, வீட்டைப் பூட்டுவதற்கு முன் பத்தாம் நம்பர் ஸ்பேனரோடு கொட்டகைக்குப் போய் மைனஸ் கிளாம்ப்பைக் கழற்றிவிடுகிறேன். திரும்பி வந்து மாட்டினால் கடிகாரம் 12:00 என்று சிமிட்டும், ரேடியோ எல்லா ஸ்டேஷனையும் மறந்திருக்கும். பரவாயில்லை, வண்டி எடுக்கிறது.