கஞ்சிக்கோட்டில் வேலை, திண்டுக்கல்லில் வீடு: குடும்பத்தோடு போவதா?

அம்மா, நீங்கள் எழுதியதில் சம்பளம் முதல் வரியில் இருந்தது, பிள்ளைகள் படிக்கும் வகுப்பு கடைசி வரியில். நான் கடைசி வரியிலிருந்து தொடங்குகிறேன். மகள் பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதிவிட்டு முடிவுக்குக் காத்திருக்கிறாள், ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளி, தமிழ்வழி. சின்னவன் ஐந்து முடித்து ஆறுக்குப் போகிறான். வீட்டுக்காரருக்குக் கேரளத்தில், பாலக்காட்டுக்குப் பக்கத்தில் உள்ள கஞ்சிக்கோட்டில் இப்போது வாங்குவதைவிட மாதம் 12,000 ரூபாய் கூடுதலாகத் தருகிறார்கள். பாலக்காட்டில் வீடு பார்த்து எல்லோரும் போய்விடலாமா என்று கேட்கிறீர்கள்.

வேலையை ஏற்றுக்கொள்ளட்டும். பாலக்காட்டில் வீடு பார்க்க வேண்டாம், இப்போதைக்கு.

ஊரைப் பற்றிய பயத்தை முதலில் ஒதுக்கி வைத்துவிடுவோம், அதில் பெரிதாக ஒன்றும் இல்லை. மொழி தெரியாத ஊர் என்று எழுதியிருக்கிறீர்கள். நான் பாலக்காட்டுச் சித்தூர் வட்டத்துக்காரன். எங்கள் பக்கம் கொழிஞ்சாம்பாறையிலும் வேலந்தாவளத்திலும் கடைத்தெருப் பேச்சு தமிழ்தான். தமிழ்வழிப் பள்ளிகள் இருக்கின்றன, கேரளத்தின் பத்தாம் வகுப்புத் தேர்வைத் தமிழில் எழுதலாம், சித்தூர் அரசுக் கல்லூரியில் தமிழ்த் துறையே இருக்கிறது. பொங்கலுக்குப் பாலக்காடு மாவட்டத்தில் உள்ளூர் விடுமுறை விடுகிறார்கள். கஞ்சிக்கோடும் நேற்று முளைத்த இடமில்லை. கொச்சியை விட்டால் கேரளத்தில் பெரிய தொழிற்பேட்டை அதுதான். பக்கத்திலேயே ஐ.ஐ.டி. இருக்கிறது. 2024-இல் மத்திய அரசு ஒப்புதல் கொடுத்த பன்னிரண்டு தொழில் நகரங்களில் பாலக்காடும் ஒன்று. வேலை இன்னும் கூடும் இடம். அங்கே போவதில் தவறு இல்லை.

சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. திண்டுக்கல்லிலிருந்து கோவைக்குக் குடிபோனால் ஊர்தான் மாறுகிறது. எல்லையில் இருக்கும் வாளையாரைத் தாண்டிவிட்டால் மாநிலம் மாறுகிறது. தமிழ்நாட்டு அரசு உங்கள் மகளுக்கு வைத்திருக்கும் சலுகைகளில் பலவும் அவள் எந்த மாநிலத்துப் பள்ளியில் படித்தாள் என்பதைப் பார்த்துத்தான் கிடைக்கும். அவளுடைய மதிப்பெண்ணோ அப்பாவின் பூர்வீகமோ அதற்கு ஈடாகாது.

அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கான 7.5 சதவீத ஒதுக்கீட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். 2020-இல் மருத்துவப் படிப்புகளுக்கும், 2021-இல் பொறியியல், வேளாண்மை, கால்நடை, சட்டம் போன்ற தொழிற்படிப்புகளுக்கும் சட்டம் வந்தது. ஆறு முதல் பன்னிரண்டு வரை தமிழ்நாட்டு அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். உங்கள் மகள் ஐந்து வருடத்தை முடித்துவிட்டாள், இரண்டு வருடம்தான் பாக்கி. இப்போது பிளஸ் ஒன்னுக்குப் பாலக்காட்டில் சேர்த்தால் அந்த ஐந்து வருடமும் கணக்கில் வராது. பாதிக்குப் பாதி கிடைக்கும் என்று ஒன்று கிடையாது. நீட் எழுத ஆசைப்படுகிறாள் என்று எழுதியிருக்கிறீர்கள். அரசுப் பள்ளிப் பிள்ளைக்கு அந்த ஒதுக்கீட்டில் இடம் கிடைக்கும் கட்-ஆஃபுக்கும் பொதுப் போட்டி கட்-ஆஃபுக்கும் இருக்கும் இடைவெளியைப் பள்ளி ஆசிரியர்களிடம் கேட்டுப் பாருங்கள். மாதம் 12,000 ரூபாயை அதோடு ஒப்பிடவே மாட்டீர்கள். அவள் மருத்துவத்துக்குப் போகாமல் பொறியியல் எடுத்தாலும், இந்த ஒதுக்கீட்டில் சேர்பவர்களுக்குக் கல்விக் கட்டணத்தை அரசே கட்டுகிறது. கல்லூரிக்குப் போகும் பெண்களுக்காக 2022-இல் தொடங்கிய புதுமைப் பெண் திட்டத்தின் மாதம் 1,000 ரூபாய்க்கும் இதே ஆறு முதல் பன்னிரண்டு கணக்குதான்.

அப்புறம் தமிழ்வழி. தமிழ்நாட்டு அரசு வேலையில் தமிழ்வழியில் படித்தவர்களுக்கு 20 சதவீத முன்னுரிமை உண்டு. 2020-இல் செய்த திருத்தத்துக்குப் பிறகு ஒன்றாம் வகுப்பிலிருந்தே தமிழ்வழியில் படித்திருக்க வேண்டும். நடுவில் ஆங்கிலவழிக்கு மாறினால் அந்தச் சங்கிலி அறுந்துபோகும். இது மாநிலம் மாறாமலேயே பல வீடுகளில் நடக்கும் நஷ்டம், பிளஸ் ஒன்னில் "இங்கிலீஷ் மீடியம் நல்லது" என்று யாரோ சொன்னார்கள் என்று மாற்றிவிடுகிறார்கள். உங்கள் மகள் விஷயத்தில் இதை யோசித்துச் செய்யுங்கள். மருத்துவம்தான் என்றால் மாறலாம், அரசு வேலைக்கான குரூப் தேர்வுகள் பக்கம் மனசு இருந்தால் மாற வேண்டாம்.

சரி, கேரளத்தில் சேர்த்தால் அங்கே உள்ள சலுகை கிடைக்காதா? கேரள நுழைவுத் தேர்வு வழிச் சேர்க்கையில், கேரளப் பூர்வீகம் இல்லாதவர்களுக்குச் சமூக ஒதுக்கீடு கிடையாது. உங்கள் கையில் இருக்கும் சாதிச் சான்றிதழ் தமிழ்நாட்டுப் பட்டியலுக்கானது, எல்லை தாண்டினால் அதற்கு அங்கே வேலை இல்லை. ஆக, இங்கே இருப்பதை விட்டுவிட்டு அங்கே பொதுப் பிரிவில் போய் நிற்பாள். கேரளப் பள்ளிகள் மோசம் என்று நான் சொல்ல வரவில்லை. பிளஸ் டூ பாடங்களில் பெரும்பாலும் என்.சி.இ.ஆர்.டி. புத்தகங்களே என்பதால் நீட்டுக்கு அது வசதிகூட. பள்ளி நல்ல பள்ளிதான், உங்கள் பிள்ளைக்கு இது சரியான நேரம் இல்லை, அவ்வளவுதான்.

சின்னவன் கதை வேறு. அவன் ஆறாம் வகுப்பின் வாசலில் நிற்கிறான். எங்கே ஆறு சேர்கிறானோ அங்கிருந்துதான் அவன் கணக்கு ஓடத் தொடங்கும். அக்காவுக்கு ஐந்து வருடம் போகும், அவனுக்கு இன்னும் எதுவும் போகவில்லை. நீங்கள் மூன்றாம் வகுப்பும் ஒன்றாம் வகுப்பும் படிக்கும் பிள்ளைகளோடு, இனி கேரளத்திலேயே நிலைத்துவிடுவோம் என்று எழுதியிருந்தால் தாராளமாகப் போங்கள் என்று சொல்லியிருப்பேன். அந்த வயதில் மலையாளம் ஆறு மாதத்தில் ஒட்டிக்கொள்ளும். 2017 சட்டப்படி அங்கே பத்தாம் வகுப்பு வரை மலையாளம் கட்டாயம் என்றாலும், மொழிச் சிறுபான்மைப் பிள்ளைகளுக்கும் வெளிமாநிலத்திலிருந்து வருபவர்களுக்கும் வழி வைத்திருக்கிறார்கள். ஆனால் அங்கே போய்விட்டு, தமிழ் எழுதப் படிக்கத் தெரியாமல் வளர்ந்து, பிற்காலத்தில் டி.என்.பி.எஸ்.சி. எழுத வந்தால், தமிழ்த் தகுதித் தாளில் 40 சதவீதம் எடுக்காமல் மற்ற தாளைத் திருத்தவே மாட்டார்கள் என்பதையும் மறக்க வேண்டாம்.

இப்போது பணக் கணக்கு. நீங்கள் கேட்காதது இது, ஆனால் சொல்லியே ஆக வேண்டும். திண்டுக்கல்லில் இருப்பது மாமனார் வீடு, வாடகை இல்லை. நீங்கள் வீட்டில் தைத்து மாதம் 8,000 வரை சம்பாதிக்கிறீர்கள். குடும்பத்தோடு போனால் அந்த 8,000 அன்றைக்கே நின்றுவிடும், வாடகை அன்றைக்கே தொடங்கும். 12,000 கூடுதல் என்பது கையில் நிற்காது, பல மாதம் கைக்கடியாகவே இருக்கும். புது ஊரில் பிளவுஸ் தைக்க வாடிக்கை சேர ஒன்றிரண்டு வருடம் ஆகும் என்பது உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். வீட்டுக்காரர் மட்டும் போய், நாலு பேரோடு அறை எடுத்து, மெஸ்ஸில் சாப்பிட்டு, வாரம் ஒருமுறை ஊருக்கு வந்தால் ஏழெட்டாயிரம் போகும். மீதி நாலாயிரம் உண்மையான மிச்சம். ஆச்சரியமாக இருக்கலாம், தனியாகப் போவதில்தான் மிச்சம் இருக்கிறது. பி.எஃப். எண்ணும் இ.எஸ்.ஐ. எண்ணும் மாநிலம் மாறினாலும் அப்படியே தொடரும், அதில் கவலை வேண்டாம்.

பிரிந்து இருப்பது கஷ்டம்தான். அதை லேசாகச் சொல்ல எனக்கு மனசில்லை, குறிப்பாகச் சின்னவனுக்கு. ஆனால் இது துபாய் இல்லை. பாலக்காட்டிலிருந்து பொள்ளாச்சி, உடுமலை, பழனி வழியாகத் திண்டுக்கல்லுக்கு நேர் ரயில் இருக்கிறது. திருச்செந்தூர் ரயிலும் அமிர்தா எக்ஸ்பிரஸும் அந்த வழிதான். வார விடுமுறை எந்தக் கிழமை, அதை ஷிஃப்ட் மாற்றத்தோடு சேர்த்துக் கொடுப்பார்களா என்று வேலையில் சேரும் முன்பே கேட்கச் சொல்லுங்கள். அது சரியாக அமைந்தால் வாரத்தில் ஒன்றரை நாள் அப்பா வீட்டில் இருப்பார். இப்போது மூன்று ஷிஃப்ட் பார்த்துவிட்டு வீட்டில் தூங்கிக்கொண்டே இருப்பதாக நீங்களே எழுதியிருக்கிறீர்கள்.

எப்படியும் சேர்ந்துதான் இருக்க வேண்டும் என்று முடிவெடுத்தால், எல்லைக்குத் தமிழ்நாட்டுப் பக்கமே நில்லுங்கள். மதுக்கரை, எட்டிமடை, க.க.சாவடி வட்டாரத்தில் வீடு பாருங்கள். அங்கிருந்து கஞ்சிக்கோட்டுக்குப் பஸ் உண்டு, கோவை பாலக்காடு மெமு ரயிலும் மதுக்கரை, எட்டிமடை, வாளையார் வழியாகத்தான் போகிறது. வேலை கேரளத்தில், பள்ளி தமிழ்நாட்டில் என்று வாழும் குடும்பங்கள் எங்கள் பக்கம் ஏராளம், யாரும் அதை அதிசயமாகப் பார்ப்பதில்லை. மகள் அரசுப் பள்ளியிலிருந்து அரசுப் பள்ளிக்கு மாறுவதால் 7.5-க்கு ஒன்றும் ஆகாது. பத்து முடிந்து பிளஸ் ஒன் என்பது எல்லாப் பிள்ளைகளும் பள்ளி மாறும் நேரம், அவளுக்குத் தனியாகத் தெரியாது. ஆனால் இந்த ஜூனில் செய்தால்தான் உண்டு. ஒரு வருடம் பார்த்துவிட்டு அடுத்த ஜூனில் மாறலாம் என்றால் அவளைப் பிளஸ் டூவுக்குக் கொண்டுபோய் புதுப் பள்ளியில் விடுவீர்கள். அதைமட்டும் செய்யாதீர்கள்.

இரண்டில் எது என்று கேட்டால், நான் திண்டுக்கல்லில் இருக்கும் பக்கம்தான் சாய்வேன். அவருக்கு ஆறு மாதம் புரொபேஷன் என்கிறீர்கள். நிரந்தரம் ஆகாத வேலையை நம்பி, ஓடிக்கொண்டிருக்கும் தையல் மிஷினை நிறுத்துவது எனக்குச் சரியாகப் படவில்லை. இரண்டு வருடம் கழித்து மகள் கல்லூரிக்குப் போவாள், சின்னவன் எட்டுக்குப் போவான், அப்போது மதுக்கரைக்கு மாறுவதில் யாருக்கும் நஷ்டமில்லை.

எந்த முடிவானாலும் இந்த மாதமே இரண்டு பேருக்கும் இருப்பிடச் சான்றிதழும் சாதிச் சான்றிதழும் இ-சேவை மையத்தில் விண்ணப்பித்து வாங்கி வையுங்கள். ஆறாம் வகுப்பிலிருந்து மகள் படித்த பள்ளி மாறியிருந்தால், ஒவ்வொரு பள்ளியிலும் படிப்புச் சான்று வாங்குங்கள், கவுன்சலிங் நேரத்தில் தலைமையாசிரியரைத் தேடி அலைய முடியாது. வீட்டுக்காரர் வேலைக் கடிதத்தில் கையெழுத்துப் போடும் முன், இரவு ஷிஃப்ட் முடிந்தால் கம்பெனி வேன் உண்டா, புரொபேஷன் காலத்திலும் முழுச் சம்பளமா என்று எழுத்தில் கேட்கட்டும். பத்தாம் வகுப்பு முடிவு வந்ததும் மகளின் அறிவியல், கணக்கு மதிப்பெண்ணை அனுப்புங்கள். பிளஸ் ஒன்னில் எந்தப் பாடப் பிரிவு என்பதை அவளையும் வைத்துக்கொண்டு பேசுவோம்.