முப்பது ஓடிவிட்டுப் பத்து என்று சொல்கிறேன்

அன்புள்ள ஆலோசகர் அவர்களுக்கு,

எனக்கு 39 வயது. கோபிசெட்டிபாளையத்துக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்தில் பிறந்தவள். திருமணத்துக்குப் பிறகு கோயம்புத்தூரில், சரவணம்பட்டியில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் எட்டாவது மாடியில் வசிக்கிறேன். பம்புசெட் தயாரிக்கும் நிறுவனம் ஒன்றில் கணக்குப் பிரிவில் வேலை செய்கிறேன். வீட்டில் கணவர், எட்டாம் வகுப்புப் படிக்கும் மகன், அத்தை ஆகியோர் இருக்கிறார்கள்.

நான்கு ஆண்டுகளாக ஓடுகிறேன். 42.195 கிலோமீட்டர் முழு மாரத்தானை இரண்டு முறை முடித்த பிறகு, வரும் ஜனவரியில் நடக்கும் 100 கிலோமீட்டர் அல்ட்ரா ஓட்டத்துக்குப் பதிவு செய்திருக்கிறேன். பெருநகரத்தில் இருந்துகொண்டு இதற்குப் பயிற்சி எடுப்பது எளிதல்ல. சத்தி சாலையில் ஆறரை மணிக்கு மேல் கால் வைக்க முடியாது. உள்தெருக்களில் நாய்கள் துரத்துகின்றன. ஏற்றம் பழக மருதமலைக்குப் போக வேண்டும். ஆனைகட்டிச் சாலையில் யானை நடமாட்டம் இருப்பதால் விடியும் முன் அங்கே ஓடுவது முட்டாள்தனம். ஆகவே வார நாட்களில் இரவு பத்து மணிக்கு மேல் எங்கள் கட்டடத்தின் படிகளிலேயே இருபது முறை ஏறி இறங்குகிறேன். காலடிச் சத்தம் பற்றிக் குடியிருப்போர் சங்கத்தில் ஒருவர் புகார் எழுதிக் கொடுத்தும் விட்டார். ஞாயிற்றுக்கிழமை அதிகாலையில் ஸ்கூட்டரில் ரேஸ்கோர்ஸ் போய், சுமார் 2.5 கிலோமீட்டர் சுற்றுப்பாதையைச் செக்குமாடுபோல் பன்னிரண்டு முறை சுற்றுகிறேன்.

வீட்டில் நான்கு சுற்று என்றுதான் சொல்லியிருக்கிறேன். மிச்ச நேரத்துக்குத் தோழிகளோடு சிற்றுண்டி சாப்பிட்டதாகக் கணக்குக் காட்டுகிறேன். 100 கிலோமீட்டருக்குப் பதிவு செய்தது யாருக்கும் தெரியாது. தொடக்கத்திலேயே அத்தை, "ஏங்கண்ணு, பொழுது விடியறதுக்கு முன்னால ரோட்டுல ஓடற அளவுக்கு நம்ம ஊட்டுல என்ன கொறச்சல்?" என்று கேட்டார். கணவர் ஒன்றும் சொல்லவில்லை. அதுவே எனக்குப் பதிலாகப் பட்டது.

என் அப்பா 66 வயதிலும் ஒவ்வொரு தைப்பூசத்துக்கும் பழனிக்கு நடந்தே போகிறார். கால் வீங்கித் திரும்பி வருகிறவரை ஊரே கும்பிடுகிறது. அவர் நடந்தால் பக்தி, நான் ஓடினால் திமிரா? ஆறு மாதத்தில் ஏழு கிலோ எடை குறைந்து, உடம்பு இறகுபோல் இருக்கிறது. இரவு வெள்ளரிக்காயும் மோரும் மட்டுமே எடுத்துக்கொள்கிறேன். வலது முழங்காலுக்குக் கீழே, முன்னெலும்பில் ஓரிடத்தில் மூன்று வாரமாக வலி இருக்கிறது. நான்கு மாதமாக மாதவிடாயும் வரவில்லை; வயது காரணம் என்று நினைக்கிறேன். வலியை வீட்டில் சொன்னால் "அப்போதே சொன்னோமே" என்பார்கள். ஓடாத நாளில் எல்லோர் மீதும் எரிந்து விழுகிறேன். நான் சுயநலக்காரியா? வீட்டாரை எப்படிச் சம்மதிக்க வைப்பது?

இப்படிக்கு,
ஒரு வாசகி, கோயம்புத்தூர்

*

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கேள்விக்கு வருவதற்கு முன், கடிதத்தின் கடைசிப் பத்தியில் நீங்கள் போகிற போக்கில் எழுதிய இரண்டு செய்திகளைப் பற்றிப் பேசியாக வேண்டும். எலும்பில், விரல் வைத்துக் காட்டக்கூடிய ஒரே இடத்தில், வாரக்கணக்கில் நீடிக்கும் வலி நுண்முறிவின் அறிகுறியாக இருக்கலாம். ஆரம்பக் கட்டத்தில் எக்ஸ்ரேயில் அது தெரியாமலே போகக்கூடும் என்பதால், எலும்பு மருத்துவர் எம்ஆர்ஐ எடுக்கச் சொன்னால் தயங்காதீர்கள். மருத்துவர் பார்க்கும் வரை ஓட்டமும் வேண்டாம், படிக்கட்டும் வேண்டாம்.

மாதவிடாய் நின்றதற்கு வயதுதான் காரணம் என்று நீங்களே முடிவு கட்டியிருக்கிறீர்கள். கர்ப்பம், தைராய்டு உட்படப் பல காரணங்களை மகப்பேறு மருத்துவர் பரிசோதித்து விலக்க வேண்டும். ஆனால் ஏழு கிலோ எடை இழப்பு, வெள்ளரிக்காய் இரவுணவு, எலும்பு வலி ஆகிய மூன்றையும் சேர்த்துப் படிக்கும் எவருக்கும் வேறொரு சந்தேகம் எழும். ஓட்டத்துக்குச் செலவானதுபோக எஞ்சும் உணவுச் சக்தி உடலின் அன்றாட வேலைகளுக்குப் போதாதபோது, உடல் அப்போதைக்கு அவசியமில்லாதவற்றை ஒவ்வொன்றாக நிறுத்துகிறது. மூளையிலிருந்து சினைப்பைக்குப் போகும் ஹார்மோன் சமிக்ஞைகள் மங்கி மாதவிடாய் நிற்கிறது. ஈஸ்ட்ரோஜன் குறைவதால் எலும்பு வலுவிழக்கிறது. சர்வதேச ஒலிம்பிக் குழு 2014-இல் இந்தக் கோளாறுக்கு விளையாட்டில் ஏற்படும் ஆற்றல் குறைபாடு என்ற பொருளில் தனிப் பெயரே வைத்தது. இறகுபோல் இருப்பதாக நீங்கள் மகிழும் உடம்பு பட்டினியில் இருக்கும் உடம்பாக இருக்கலாம். அரிசிம்பருப்பு சோறும் நெய்யும் உண்டு வளர்ந்த நம் ஊர்ப்பெண் இரவில் வெள்ளரிக்காயோடு எழுந்துவிடுவதை அத்தை கவனிக்காமல் இருந்திருப்பார் என்று எனக்குத் தோன்றவில்லை.

இனி உங்கள் கேள்வி. சாலை, நாய், படிக்கட்டு பற்றி நிறைய எழுதிய நீங்கள், பொய்யைப் பற்றி மூன்று வரியோடு நிறுத்திக்கொண்டீர்கள். என் பார்வையில் உங்கள் குற்ற உணர்வு அந்த மூன்று வரிக்குள்தான் இருக்கிறது. நீங்கள் 30 கிலோமீட்டர் ஓடுவதையோ 100 கிலோமீட்டருக்குப் பதிவு செய்ததையோ உங்கள் வீட்டில் யாரும் எதிர்க்கவில்லை. எதிர்க்கும் வாய்ப்பே அவர்களுக்குக் கொடுக்கப்படவில்லை. நான்கு ஆண்டுகளுக்கு முன் அத்தை கேட்ட ஒரு கேள்வியையும் கணவரின் ஒரு மௌனத்தையும் தீர்ப்பாக எடுத்துக்கொண்டு, இன்று வரை அந்தத் தீர்ப்புக்குத் தப்பி ஓடிக்கொண்டிருக்கிறீர்கள். இப்போது எலும்பு வலியும் அந்த வழக்கில் எதிர்த்தரப்புச் சாட்சியாகிவிட்டதால், அதையும் மறைக்க வேண்டியதாகிவிட்டது. பொய்யின் உண்மையான ஆபத்து இதுதான். தூரத்தை மறைக்கத் தொடங்கியவர் காயத்தை மறைப்பதில் போய் முடிகிறார்.

அத்தையின் கேள்வியை இன்னொரு முறை படித்துப் பாருங்கள். வீட்டில் ஏதோ குறை என்று ஊர் பேசுமோ என்ற அச்சமும், இருட்டில் நீங்கள் தனியாகப் போவது பற்றிய கவலையும் அதில் இருக்கின்றன. முதலாவதை உடனே மாற்ற முடியாது. இரண்டாவதற்கு நீங்கள் பதில் சொல்ல முடியும்: எந்த வழி, யார் கூட, எத்தனை மணிக்குத் திரும்புவேன், கைபேசியில் நான் இருக்கும் இடத்தை எப்படிப் பார்ப்பது என்பதையெல்லாம் மகன் முன்னிலையில் விளக்குங்கள். கணவரின் மௌனத்துக்கு என்ன பொருள் என்பதை அவரிடமே கேளுங்கள். நான் ஊகிப்பது முறையல்ல.

பழனி நடைப்பயணத்தை நீங்கள் எடுத்துக்காட்டியது பொருத்தமானது, ஆனால் நீங்கள் சொன்ன காரணத்துக்காக அல்ல. ஆணுக்கு ஒரு நீதி, பெண்ணுக்கு ஒரு நீதி என்ற உங்கள் கோபத்தில் நியாயம் இருக்கிறது, அதை மறுக்கவில்லை. தென்னாப்பிரிக்காவில் 1921 முதல் நடந்துவரும், ஏறத்தாழ 90 கிலோமீட்டர் தூரமுள்ள காம்ரேட்ஸ் ஓட்டத்தில்கூடப் பெண்கள் 1975-இல்தான் முறைப்படி அனுமதிக்கப்பட்டார்கள். ஆனால் உங்கள் அப்பா எந்த ஆண்டாவது பழனிக்குப் போகிறேன் என்று சொல்லாமல் போனாரா? வழியெங்கும் நீர்மோரும் அன்னதானமும் தருகிறார்கள், உடன் வருபவர்கள் கால் பிடித்துவிடுகிறார்கள், வீட்டார் அவர் வரும் நாளை எண்ணிக்கொண்டிருக்கிறார்கள். அந்த நடையை இத்தனை பேர் சேர்ந்து நடத்துகிறார்கள். 100 கிலோமீட்டர் ஓட்டமும் அப்படித்தான். பத்து மணி நேரம் கடந்த பின் வாந்தி வரும், உப்புச் சமநிலை குலையும், பாதம் கொப்பளிக்கும். அப்போது மாற்றுக் காலுறையும் உப்பிட்ட உருளைக்கிழங்கும் வைத்துக்கொண்டு வழியில் நிற்க ஒருவர் வேண்டும். வீட்டுக்குத் தெரியாமல் அந்த ஒருவரை எங்கிருந்து கொண்டுவருவீர்கள்?

ஓடாத நாளில் எரிந்து விழுவதாக எழுதியிருக்கிறீர்கள். 1970-இல் பேக்லண்ட் என்ற ஆய்வாளர், உடற்பயிற்சியை ஒரு மாதம் நிறுத்தினால் தூக்கம் எப்படி மாறுகிறது என்று பார்க்க விரும்பினார். தினமும் பயிற்சி செய்பவர்கள் பணம் தருவதாகச் சொல்லியும் நிறுத்தச் சம்மதிக்கவில்லை. வாரத்தில் மூன்று நான்கு நாள் மட்டும் பயிற்சி செய்பவர்களை வைத்துத்தான் அவர் ஆய்வை நடத்த முடிந்தது. அதிக தூரம் ஓடுகிறவர்கள் எல்லோரும் அடிமைப்பட்டவர்கள் என்று இதற்குப் பொருளல்ல. எத்தனை கிலோமீட்டர் என்பதைவிட, நிறுத்த வேண்டிய நேரத்தில் நிறுத்த முடிகிறதா என்பதையே நாங்கள் பார்க்கிறோம். நுண்முறிவு உறுதியானால் பெரும்பாலும் ஆறு முதல் எட்டு வாரம் ஓடாமல் இருக்கச் சொல்வார்கள். அந்த வாரங்களில் எரிச்சல் வரும். அதைத் தாங்கிக்கொள்ள முடிந்தால் கவலை இல்லை. வலியோடு ஒளிந்து ஓடத் தோன்றினால், உடனே எனக்கோ அருகிலுள்ள மனநல ஆலோசகருக்கோ தெரியப்படுத்துங்கள். நீங்கள் சுயநலக்காரியா என்ற கேள்வியை அதுவரை தள்ளிவையுங்கள். பசியோடும் வலியோடும் இருக்கும்போது எவரும் தன்னைப் பற்றிச் சரியாகத் தீர்ப்புச் சொல்வதில்லை.

படிக்கட்டுப் புகாருக்கு, பத்து மணிக்கு மேல் ஏறாமல் இருப்பதே பதில். புகார் கொடுத்தவர் பக்கம்தான் நியாயம் இருக்கிறது.

கடிதத்தில் மிகுந்த பெருமையோடு குறிப்பிட்ட உங்கள் அப்பாவிடமும் நீங்கள் இதைச் சொல்லவில்லை என்று தெரிகிறது. மருத்துவரைப் பார்த்துவிட்டு முதலில் கணவரிடம் சொல்லுங்கள்; பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போய், பாதம் கொப்பளித்தால் அடுத்த நாள் எப்படி நடக்கிறீர்கள் என்று அப்பாவிடம் கேளுங்கள். ஜனவரிக்குள் கால் தயாராகாமல் போகலாம் என்பதால், பதிவை அடுத்த ஆண்டுக்கு மாற்ற இடமிருக்கிறதா என்று போட்டி அமைப்பாளர்களிடம் இப்போதே விசாரித்து வையுங்கள்.