வகுப்பறையில் எதிர்க்கேள்வி

அன்புள்ள ஐயா,

தண்டையார்பேட்டைப் பகுதியில் ஓர் அரசுப் பள்ளியில் ஒன்பது, பத்தாம் வகுப்புகளுக்குக் கணக்குப் பாடம் எடுக்கிறேன். பயிற்சிக்குப் போகும்போதெல்லாம் படைப்பூக்கத்தோடு கற்பியுங்கள், பிள்ளைகளைக் கேள்வி கேட்க வையுங்கள் என்கிறார்கள். பாட்டு, நாடகம், பொம்மலாட்டம் என்று செய்தும் காட்டுகிறார்கள். பள்ளிக்குத் திரும்பினால், தேர்ச்சி விழுக்காடு ஏன் குறைந்தது என்று விளக்கம் எழுதித் தர வேண்டியிருக்கிறது. முப்பத்தைந்து மதிப்பெண்ணைத் தொட வைக்க மாதிரி வினாத்தாளைத் திரும்பத் திரும்ப எழுத வைப்பதைத் தவிர எனக்கு வேறு வழி தெரியவில்லை. படைப்பூக்கம், விமர்சன நோக்கு என்பவையெல்லாம் வசதியுள்ள பள்ளிகளுக்கு மட்டும் உரியவையா? எதிர்க்கேள்வி கேட்கப் பழக்கிவிட்டால் நாற்பத்தைந்து பேர் உள்ள வகுப்பு கைமீறிப் போகாதா?

(பெயர் வெளியிட வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்.)

அன்புள்ள ஆசிரியைக்கு,

மாதிரி வினாத்தாளை எழுத வைப்பதைக் குற்றம்போலச் சொல்லியிருக்கிறீர்கள். அப்படிச் சொல்ல வேண்டியதில்லை. வாய்ப்பாடு மனத்தில் நிற்காத மாணவர் ஓர் இருபடிக் கோவையைக் காரணிப்படுத்த உட்கார்ந்தால், ஏழெட்டு எவ்வளவு என்று தேடுவதிலேயே அவருடைய கவனம் தீர்ந்துபோகிறது. பயிற்சி சிந்தனையைக் கெடுக்கும் என்று மேடையில் பேசுபவர்கள் பெரும்பாலும் வாய்ப்பாடு நன்றாகத் தெரிந்தவர்கள். நான் உடன்படாத இடம் வேறு. ஏழை வீட்டுப் பிள்ளைக்குப் பயிற்சி, வசதியான வீட்டுப் பிள்ளைக்குச் சிந்தனை என்ற பங்கீட்டை உங்கள் கேள்வி பாதி ஏற்றுக்கொண்டுவிட்டது.

படைப்பூக்கத்தையும் விமர்சன நோக்கையும் தனித்தனியாகப் பிரித்துவிட்டதுதான் பயிற்சிகளில் உள்ள கோளாறு என்று நினைக்கிறேன். பொம்மலாட்டத்தில் வெளிப்படுவது ஆசிரியரின் படைப்பூக்கம். அங்கே மாணவர் பார்வையாளர். கேளிக்கை முடிந்ததும் அதே சூத்திரத்தை அதே விதமாக ஏற்றுக்கொண்டு எழுதுகிறார் என்றால், மருந்தைத் தேனில் குழைத்துக் கொடுத்ததற்கு மேல் எதுவும் நடக்கவில்லை. தான் சொன்ன விடையையும் ஆசிரியர் சொன்ன விடையையும் பாடநூல் அச்சிட்டிருக்கும் விடையையும் சோதித்துப் பார்க்க மாணவருக்கு இடம் கிடைக்கும் வகுப்பையே நான் படைப்பூக்கமுள்ள வகுப்பு என்பேன். அதற்குப் பாட்டும் தேவையில்லை, திரையும் தேவையில்லை.

இதற்கு முன்னோடி நம் ஊரிலேயே இருக்கிறது. 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் செயல்வழிக் கற்றல் தொடங்கியபோது, சுவர் நெடுகிலும் பிள்ளைகளின் கை எட்டும் உயரத்தில் கரும்பலகை வந்தது. ஒவ்வொரு குழந்தைக்கும் அதில் ஒரு பங்கு. ஆசிரியர் நாற்காலியை விட்டுத் தரையில் பாயில் அமர்ந்தார். பாட அட்டைகளைக் கற்றல் ஏணி என்னும் படிவரிசைப்படி எடுத்துத் தன் வேகத்தில் படித்த குழந்தை, வருகைப் பதிவையும் தானே குறித்தது. எழுதியதும் வரைந்ததும் தலைக்கு மேலே கம்பிப்பந்தலில் தொங்கின. 2007-08இல் இது மாநிலம் முழுவதும் பரவியது. அந்தத் தாழ்ந்த கரும்பலகையை நான் இன்றும் மதிக்கிறேன், ஏனென்றால் தவறாக எழுதி அழித்துத் திருத்தும் உரிமையை அது ஆறு வயதுக் குழந்தைக்குக் கொடுத்தது. ஆனால் அட்டையில் இருந்த கேள்விகளும் யாரோ முன்கூட்டியே எழுதியவை; எந்தப் படியில் என்ன விடை வர வேண்டும் என்பதும் முடிவான ஒன்று. அட்டையையே கேள்வி கேட்கும் படி அந்த ஏணியில் இல்லை.

உங்கள் பாடத்துக்கே வருகிறேன். ஒன்பதாம் வகுப்புப் புள்ளியியலில் கூட்டுச் சராசரி, இடைநிலை அளவு, முகடு மூன்றும் வருகின்றன. ஒரு தெருவில் ஐந்து குடும்பங்களின் மாத வருமானம் 9,000, 10,000, 11,000, 12,000, 58,000 ரூபாய் என்று கரும்பலகையில் எழுதுங்கள். சராசரி 20,000, இடைநிலை 11,000, முகடு இல்லை. தேர்வுக்கு இவ்வளவு போதும். இதற்கு மேல் இரண்டு கேள்விகளைச் சேருங்கள்: அந்தத் தெருவில் இருபதாயிரம் சம்பாதிக்கும் குடும்பம் எது? அந்தத் தெருவுக்கு உதவி தேவையில்லை என்று வாதிட விரும்புபவர் எந்த அளவைக் கையில் எடுப்பார், தேவை என்பவர் எதை எடுப்பார்? கணக்கு சரியாக இருக்கும்போதே முடிவு தவறாக இருக்க முடியும் என்பதை ஒரு மாணவர் இந்த இடத்தில் கண்டுகொள்கிறார். பாடத்திட்டத்துக்கு வெளியே நீங்கள் ஓர் அடிகூட வைக்கவில்லை. வகுப்பில் கால் மணி நேரம் கூடுதலாகச் செலவாகும், அவ்வளவே. இருபதாயிரம் எங்கிருந்து வந்தது என்று ஒருமுறை வாதாடியவர் சூத்திரத்தை மறப்பதும் அரிது.

உங்கள் பாடம் அல்லவெனினும் இன்னொன்றைச் சொல்ல வேண்டும். சுற்றுச்சூழல் பாடத்தில் ‘குப்பையைக் குப்பைத்தொட்டியில் போடுவோம்’ என்று எழுதினால் முழு மதிப்பெண். கொடுங்கையூர்க் குப்பைக் கிடங்குக்கு அருகில் வளரும் பிள்ளைக்கு அந்தத் தொட்டி எங்கே போய்க் கவிழ்கிறது என்பது தெரியும்; நகரத்தின் தொட்டி கவிழும் இடம் அவருடைய தெருவின் முனை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் கலந்து எண்ணூர்க் கழிமுகத்தில் படர்ந்தபோது, அலையாத்திச் செடிகளின் தண்டில் கறுப்பு எந்த உயரம் வரை ஏறியிருந்தது என்பதை அங்குள்ள பிள்ளைகள் எந்தப் படத்தின் துணையும் இல்லாமல் சொல்வார்கள். இந்த அறிவை வகுப்பு வாசலிலேயே கழற்றி வைத்துவிட்டு, தொட்டியில் போடுவோம் என்று எழுதச் சொல்கிறோம். விமர்சன நோக்கை இவர்களுக்குப் புதிதாகப் புகட்ட வேண்டியதில்லை, வைத்திருப்பதைப் பயன்படுத்த விட்டால் போதும். பிரேசிலில் கல்வியாளர் பாவ்லோ ஃப்ரெய்ரே 1963இல் அங்கிகோஸ் என்னும் ஊரில் சுமார் 300 உழைப்பாளிகளுக்கு எழுத்தறிவித்தபோது செய்ததும் இதுதான்: கற்போர் அன்றாடம் புழங்கும் சொற்களிலிருந்து தொடங்கி, அவற்றின் அசைகளையும் அச்சொற்களுக்குப் பின்னால் இருந்த வாழ்க்கையையும் சேர்த்தே பேச வைத்தார். அடுத்த ஆண்டு ஆட்சியைப் பிடித்த ராணுவம் அவரைச் சிறையில் போட்டது.

வகுப்பு கைமீறிப் போகும் என்ற அச்சத்தை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. நாற்பத்தைந்து பேரை மேய்ப்பவருக்குத்தான் அது தெரியும். ஆனால் எதிர்க்கேள்விக்கும் விதண்டாவாதத்துக்கும் இடையே ஒரு வேலி போட முடியும். ‘இல்லை’ என்று சொல்பவர் ‘ஏனென்றால்’ என்று தொடர வேண்டும் என்பது ஒன்றே விதி. அது உங்களுக்கும் பொருந்தும் என்று முதல் நாளே அறிவித்துவிடுங்கள். காரணம் கேட்கப்படும் என்று தெரிந்ததும் சத்தத்துக்காக மட்டும் சத்தம் போடுபவர்கள் அடங்கிவிடுவார்கள். இது இறக்குமதிச் சரக்கு என்று யாராவது சொன்னால் நன்னூலைக் காட்டுங்கள்: வினாதலையும் வினாயவை விடுத்தலையும் அது மாணாக்கரின் கடமைகளாகவே வைத்திருக்கிறது.

வருமானக் கணக்கில் ஓர் எச்சரிக்கை உண்டு. எண்களை மாணவர்களே திரட்டி வரட்டும் என்ற ஆர்வத்தில் அவரவர் வீட்டு வருமானத்தைக் கேட்டுவிடாதீர்கள். கூனிக்குறுகி நிற்கும் பிள்ளை எதையும் ஆராயாது. மீன் விலை போதும். விசைப்படகுகளுக்கான மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள்; பள்ளி திறக்கும் ஜூன் மாதத்தில்தான் அது முடிகிறது. தடை முடிவதற்கு முன்பும் பின்பும் விலை குறித்துவரச் சொல்லி நோட்டில் பத்திரப்படுத்துங்கள். புள்ளியியல் பாடம் வரும்போது மத்தி, காரப்பொடி, நெத்திலி, சங்கரா ஆகியவற்றுக்கு நடுவே வஞ்சிரத்தைச் சேர்த்தும் விலக்கியும் சராசரி காண வையுங்கள். இது ஏலத்து விலையா, கூறுகட்டி விற்கும் விலையா, ஞாயிற்றுக்கிழமை விலையா என்று எப்படியும் ஒருவர் எழுந்து கேட்பார். அப்போது அட்டவணையைத் திருத்தி எழுதும் வேலையை அவரிடமே கொடுங்கள்.