சமையலறைக் குப்பைத் தொட்டி: ஈ, புழு, நாற்றம் குறித்த கேள்வி-பதில்

கோடை தொடங்கியதும் வாசகர்களிடமிருந்து வரும் கேள்விகளில் பெரும்பாலானவை, மக்கும் குப்பைக்கான தொட்டியில் எதைத் தெளித்தால் ஈ வராது, எதை ஊற்றினால் நாற்றம் போகும் என்றே கேட்கின்றன. எதையும் தெளிப்பதற்கு முன் பார்க்க வேண்டியவை இரண்டு: குப்பையில் எவ்வளவு ஈரம் இருக்கிறது, அது எத்தனை நாள் வீட்டுக்குள் தங்குகிறது. கீழே உள்ள பதில்கள் திரும்பத் திரும்ப இந்த இரண்டிடமே வந்து நிற்பதை வாசகர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

தினமும் காலையில் தூய்மைப் பணியாளரிடம் மக்கும் குப்பையைக் கொடுத்துவிட்டு, தொட்டியைப் பினாயில் விட்டுக் கழுவுகிறேன். அப்படியும் அவ்வப்போது சமையலறைத் தரையில் வெள்ளைப் புழுக்கள் ஊர்கின்றன. அவை எங்கிருந்து வருகின்றன? (வாசகி, தாம்பரம்)

நீங்கள் அன்றாடம் காலி செய்யும் குப்பையிலிருந்து அவை வந்திருக்க வாய்ப்பு மிகக் குறைவு. வீட்டு ஈ ஒரு தடவைக்கு ஏறத்தாழ நூறு முட்டைகள் இடும். நம் ஊர் வெயிலில் அவை 8 மணி முதல் 24 மணி நேரத்துக்குள் பொரித்துவிடும். பொரித்த புழு 4 முதல் 7 நாள் வரை ஈரமான இடத்திலேயே தின்று வளர்ந்து, கூட்டுப்புழுவாக மாற வேண்டிய பருவம் வந்ததும் உலர்ந்த, இருட்டான மூலையைத் தேடி வெளியே ஊர்ந்து செல்லும். தரையில் நீங்கள் பார்ப்பவை அந்தப் பருவத்துப் புழுக்கள். அதாவது அவற்றுக்கு வயது நான்கைந்து நாள் ஆகிவிட்டது. நேற்றுப் போட்ட குப்பையில் நான்கு நாள் வயதுள்ள புழு இருக்க முடியாது என்பதால், தொட்டியைத் தவிர வேறெங்கோ, பல நாளாக யாரும் பார்க்காத ஓர் ஈரம் இருக்கிறது என்று கொள்ள வேண்டும்.

அதைத் தேட வேண்டிய இடங்களைச் சொல்கிறேன். தொட்டியின் மூடி மடிந்திருக்கும் விளிம்பின் உட்புறம், தொட்டியின் அடிப்பாகத்தில் வெளிப்பக்கமாக உள்ள பள்ளம், காலால் மிதித்துத் திறக்கும் தொட்டியாக இருந்தால் உள்வாளிக்கும் வெளிக்கூட்டுக்கும் நடுவில் வடிந்து தேங்கிய குப்பைநீர், கேஸ் சிலிண்டருக்குப் பின்னால் உருண்டுபோன ஒரு தக்காளி, உருளைக்கிழங்குக் கூடையின் அடியில் அழுகிக் கிடக்கும் ஒரேயொரு கிழங்கு. பெரும்பாலான வீடுகளில் இந்தப் பட்டியலோடு தேடல் முடிந்துவிடும்.

பினாயிலைப் பொறுத்தவரை, பிசுக்கு ஒட்டியிருக்கும் தொட்டியில் அதை ஊற்றுவதால் ஒரு மணத்தின் மேல் இன்னொரு மணம் ஏறுகிறது, அவ்வளவுதான். பாத்திரம் கழுவும் சோப்பும் தேங்காய் நாரும் கொண்டு பிசுக்கை முதலில் தேய்த்து எடுங்கள். பிறகு கை பொறுக்காத சூடுள்ள வெந்நீரை விளிம்பிலும் அடிப்பள்ளத்திலும் படும்படி ஊற்றினால் முட்டையும் இளம் புழுவும் செத்துவிடும். கொதிக்கக் கொதிக்க ஊற்றினால் மெல்லிய பிளாஸ்டிக் நெளிந்துவிடும் என்பதால் சற்று ஆறவிட்டு ஊற்றுவது நல்லது. கழுவியபின் தொட்டியைக் கவிழ்த்து வெயிலில் காய வைப்பதைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். ஈரமாக இருக்கும்போதே மறுபடி குப்பை போட்டால் கழுவியதன் பயன் பாதி போய்விடும். இரண்டு தொட்டிகளை மாற்றி மாற்றிப் பயன்படுத்தினால், ஒன்று புழக்கத்தில் இருக்கும்போது மற்றொன்று காயும்.

காய்கறித் தோலும் மிச்ச உணவும் மட்டுமே போடுகிறோம். இருந்தும் மாலைக்குள் நாற்றம் வந்துவிடுகிறது. (வாசகர், மதுரை)

மிச்ச உணவு என்று நீங்கள் ஒரே சொல்லில் சொல்லிவிட்டதற்குள்தான் சிக்கல் இருக்கிறது. சாம்பார், ரசம், மோர், ஊறவைத்த பருப்பின் தண்ணீர், பிழிந்து முடியாத தேயிலைச் சக்கை, காபி வடிகட்டியில் மிஞ்சிய ஈரப்பொடி ஆகியவை தொட்டியின் அடியில் சேர்ந்து நிற்கும்போது, அந்த நீருக்குள் காற்று புகாது. காற்றில்லாத இடத்தில் வளரும் நுண்ணுயிர்கள் சோற்றையும் காய்கறியையும் புளித்த அமிலங்களாகவும், வெங்காயம், முட்டைகோஸ் போன்றவற்றில் உள்ள கந்தகத்தை அழுகிய முட்டை நாற்றமாகவும் மாற்றுகின்றன. காற்றுப் படும்படி உலர்வாகக் கிடக்கும் அதே தோல்களில் மறுநாள் வரைகூடப் பெரிய நாற்றம் எழாது.

ஆகவே, குழம்பும் ரசமும் தொட்டிக்குப் போகும் முன் ஒரு பழைய வடிகட்டியில் நின்று போகட்டும். எண்ணெய்ப் பிசுக்கு அதிகமுள்ளதைத் தாளால் துடைத்தெடுங்கள். சிங்க்கில் ஊற்றினால் அது குழாயின் உட்புறம் படிந்து வேறொரு தொல்லையாகும். தொட்டியின் அடியில் மூன்று நான்கு மடிப்புச் செய்தித்தாளை விரித்து, அதன்மேல் ஒரு கைப்பிடி தென்னை நார்த்தூளோ மரத்தூளோ காய்ந்த சருகோ போட்டுவிட்டால், வடியும் நீரை அது இழுத்துக்கொள்ளும். இடையிடையே குப்பையின் மேலும் ஒரு பிடி தூவலாம். நார்த்தூள் தன் எடையைப் போலப் பல மடங்கு நீரை ஏந்தக்கூடியது. நாற்றத்தை அடக்கவென்று கடைகளில் விற்கப்படும் வாசனைத் திரவங்கள் எதுவும் இதற்கு ஈடாகாது என்பது என் கருத்து.

கிராமத்து வீடுகளில் கழுநீர்ப் பானை என்று ஒன்று இருந்தது. அரிசி கழுவிய நீரும் காய்கறித் தோலும் மிச்சக் கஞ்சியும் அதில் சேரும். அன்றன்றைக்கே மாட்டுத் தொட்டிக்குப் போய்விடும். அவ்வளவு ஈரமான கழிவு நாறாமல் இருந்ததற்குக் காரணம், அது ஓர் இரவுகூட அங்கே தங்கவில்லை என்பதுதான்.

மக்காத குப்பைத் தொட்டியையும் ஒருமுறை முகர்ந்து பாருங்கள். கழுவாமல் போட்ட பால் உறையும் தயிர் உறையும் இட்லி மாவுப் பொட்டலமும் அங்கே கிடந்தால், நாற்றத்துக்கான பழி தவறான தொட்டியின் மேல் விழுந்திருக்கிறது. உறையை வெட்டியதும் ஒரு வாய் தண்ணீர் விட்டு அலசிக் காயப்போட்டால் போதும்.

ஞாயிற்றுக்கிழமை மீனும் இறாலும் சுத்தம் செய்கிறோம். எங்கள் தெருவில் அன்று குப்பை வண்டி வருவதில்லை. மறுநாள் வரை என்ன செய்வது? (வாசகர், தூத்துக்குடி)

கடல் மீனின் தசையில் இயல்பாகவே உள்ள ஒரு சேர்மத்தை நுண்ணுயிர்கள் சிதைக்கும்போது டிரைமெத்திலமின் என்ற வாயு வெளிப்படுகிறது. கவுச்சி நாற்றத்துக்கு முக்கியக் காரணம் அதுவே. குளத்து மீனில் அச்சேர்மம் மிகக் குறைவு. அந்த வாயு காரத்தன்மை கொண்டது என்பதால் அமிலம் பட்டதும் காற்றில் பறக்காத உப்பாக மாறிவிடும். மீன் கழுவிய கையையும் சட்டியையும் புளிக்கரைசலாலும் எலுமிச்சைத் தோலாலும் தேய்க்கும் வழக்கத்துக்குப் பின்னால் இந்த வேதியியல்தான் இருக்கிறது. தொட்டிக்கும் அதே முறை பொருந்தும்: குழம்புக்குக் கரைத்தபின் மிஞ்சும் புளிச்சக்கையைச் செதில், குடல், இறால் தலை ஆகியவற்றோடு கலந்து, செய்தித்தாளில் இறுகச் சுற்றுங்கள்.

ஆனால் இது நாற்றத்தைத் தணிக்குமே ஒழிய ஈயைத் தடுக்காது. மீன், இறைச்சிக் கழிவுகளைத் தேடி வருவன பச்சை நிறத்தில் மினுங்கும் ஈக்களும், உடலில் சாம்பல் நிறக் கோடுகள் கொண்ட இறைச்சி ஈக்களும் ஆகும். இறைச்சி ஈ முட்டையிடுவதற்குப் பதிலாக உயிருள்ள புழுவையே நேரடியாக விட்டுச் செல்வதால், காய்கறிக் கழிவில் கிடைக்கும் ஒரு நாள் அவகாசம்கூட இங்கே கிடைப்பதில்லை. ஆகையால் சுற்றிய பொட்டலத்தை இறுக மூடும் டப்பாவில் இட்டு, குளிர்சாதனப் பெட்டியின் உறைநிலை அறையில் வைத்துவிட்டு, வண்டி வரும் நேரத்தில் எடுத்துக் கொடுப்பதே நம்பகமான வழி. சாப்பாடு வைக்கும் இடத்தில் கழிவை வைப்பதா என்று வீட்டுப் பெரியவர்கள் முகம் சுளிக்கக்கூடும். சற்று முன்புவரை அது சமைக்க வைத்திருந்த மீனின் பகுதிதான் என்று எடுத்துச் சொல்லலாம். அதற்கும் இசையாதவர்கள், தோட்டம் இருந்தால் ஒரு முழத்துக்குக் குறையாத ஆழத்தில் புதைத்து, மேலே கல் வைக்க வேண்டும். மேலாகப் புதைத்தால் நாயும் பூனையும் கிளறிவிடும்.

தொட்டியை முற்றிலும் காலி செய்து, இரண்டு நாள் எதுவும் போடாமல் வைத்தும் சிறு பூச்சிகள் பறக்கின்றன. (வாசகி, கோயம்புத்தூர்)

பூச்சியைச் சற்று உற்றுப் பார்க்க வேண்டும். செம்பழுப்பு உடலும், பெரும்பாலும் சிவந்த கண்ணும், சுமார் 3 மில்லிமீட்டர் நீளமும் கொண்டு, வாழைத்தாரையும் கொய்யாவையும் வட்டமிட்டால் அது பழ ஈ. சாம்பல் நிறத்தில், மயிர் அடர்ந்த இறக்கையோடு குட்டி அந்துப்பூச்சியைப் போலச் சுவரில் அசையாமல் உட்கார்ந்திருந்தால் அது சாக்கடை ஈ. அதற்கும் குப்பைத் தொட்டிக்கும் தொடர்பே இல்லை.

சாக்கடை ஈ என்ற ஐயம் இருந்தால், இரவில் சிங்க்கின் வாயில் ஒட்டும் பக்கம் கீழிருக்கும்படி, காற்றுக்கு இடம் விட்டு, ஒரு துண்டு டேப்பை ஒட்டி வையுங்கள். காலையில் அதில் பூச்சி சிக்கியிருந்தால் இருப்பிடம் உறுதியாகிவிடும். குழாயின் உட்சுவரில் படிந்த கொழகொழப்பான படலத்தில்தான் அவற்றின் புழு வாழ்கிறது. வெந்நீரோ ஆசிட்டோ அந்தப் படலத்தின் மேலாக ஓடிவிடும் என்பதால், நீண்ட பிரஷ்ஷை விட்டுத் தேய்த்தே அதை எடுக்க வேண்டும். தேய்த்த பிறகும் ஏற்கெனவே கூட்டுப்புழுவாக இருந்தவை சில நாள் வரை வெளிவந்துகொண்டிருக்கும். அதைக் கண்டு முயற்சி பலிக்கவில்லை என்று முடிவு கட்டிவிட வேண்டாம்.

பழ ஈயானால், ஒரு தம்ளரில் வினிகரும் நன்கு கனிந்த வாழைப்பழத் துண்டும் போட்டு, இரண்டு சொட்டுப் பாத்திரச் சோப்புக் கலந்து வையுங்கள். சோப்பு நீரின் மேற்பரப்பு இழுவிசையைக் குறைப்பதால், வந்து உட்காரும் ஈ மூழ்கிவிடும். இது பறப்பவற்றை மட்டுமே குறைக்கும். முட்டையிலிருந்து ஈயாக ஏறத்தாழ பத்து நாளே ஆகும் என்பதால், கனிந்த பழத்தை மூடி வைப்பதும், வாங்கி வந்தவுடன் பழத்தைக் கழுவித் துடைப்பதும், சமையலறையின் ஈரத் துணியை இரவில் அலசிக் காயப்போடுவதும் சேர்ந்து நடந்தால்தான் அடுத்த தலைமுறை நிற்கும்.

தொட்டியில் பிளீச்சிங் பவுடர் அல்லது அந்துருண்டை போடலாமா? (வாசகர், விழுப்புரம்)

இரண்டுமே வேண்டாம். பிளீச்சிங் பவுடர் கழிப்பறை கழுவும் ஆசிட்டோடு சேர்ந்தால் நச்சுத்தன்மையுள்ள குளோரின் வாயு வெளிப்படும். வினிகர், புளி போன்ற மிதமான அமிலங்களோடும் அதைக் கலக்கக் கூடாது. அழுகும் குப்பையில் எழும் அம்மோனியாவோடு சேர்ந்தாலும் கண்ணையும் தொண்டையையும் எரிக்கும் வாயுக்கள் உண்டாகும். கழுவிய காலித் தொட்டியில் மிகக் கொஞ்சம் கரைத்து ஊற்றி நன்றாக அலசிவிடுவது வேறு. குப்பையின் மேல் தூவுவது வேறு. அந்துருண்டையில் இருக்கும் நாப்தலீன், ஜி6பிடி என்ற நொதி பிறவியிலேயே குறைவாக உள்ள குழந்தைகளுக்கு இரத்தச் சிவப்பணுக்கள் சிதைவதற்குக் காரணமாகக்கூடும். சமையலறையில் அதற்கு இடமே இல்லை.

பால்கனியில் மண்தொட்டி உரம் தயாரிக்கிறேன். உள்ளே விரல்கணு நீளத்துக்குப் பழுப்பு நிறப் புழுக்கள் நெளிகின்றன. பக்கத்து வீட்டார் புகார் சொல்கிறார்கள். (வாசகி, சென்னை அண்ணா நகர்)

நீங்கள் வர்ணிப்பதைப் பார்த்தால் அவை கருப்புப் படைவீரன் ஈயின் புழுக்களாகவே இருக்க வேண்டும். தடித்து, தட்டையாக, வரிவரியாக, முதிர முதிரக் கறுத்துக்கொண்டே போகும். வளர்ந்த ஈ கருங்குளவியைப் போலத் தோன்றினாலும் கொட்டாது. நம் உணவில் வந்து உட்காரும் வழக்கமும் அதற்கு இல்லை. அதன் புழுக்கள் நிறைந்துள்ள இடத்தில் வீட்டு ஈ முட்டையிடுவது குறைகிறது. கழிவை அவை மிக விரைவாகத் தின்று தீர்ப்பதால், கோழிக்கும் மீனுக்கும் தீவனமாக்கவென்றே அவற்றைப் பலர் வளர்க்கிறார்கள். ஆகவே உரத்துக்கு அவற்றால் கெடுதல் இல்லை.

ஆனாலும் அவை வந்திருப்பது தொட்டி அளவுக்கு மீறி ஈரமாக இருப்பதற்கும், சமைத்த உணவு அதிகம் சேர்வதற்கும் அடையாளம். பக்கத்து வீட்டார் பொறுத்துக்கொள்ள வேண்டும் என்றும் நான் சொல்லமாட்டேன். முதிர்ந்த புழுக்கள் தொட்டியை விட்டு ஏறி அவர்கள் வாசல் வரை போவது உண்டு. கழிவின் அளவுக்குச் சமமாகவோ கூடுதலாகவோ காய்ந்த சருகோ நார்த்தூளோ சேர்த்து, அடிவரை கிளறிவிடுங்கள். ஒரு பிடி எடுத்துப் பிழிந்தால் விரலிடுக்கில் ஈரம் தெரியலாம், சொட்டக் கூடாது. வேப்பம்புண்ணாக்குத் தூளை மேலாகத் தூவுவது புதிதாகப் பொரிக்கும் புழுக்களின் வளர்ச்சியைத் தடுக்கும். தொட்டியின் வாயையும் காற்றுத் துளைகளையும் கொசுவலைத் துணியால் கட்டிவிட்டால் ஈ முட்டையிட வழி குறையும், புழுவும் வெளியேறாது.

நாற்றத்தை வைத்தும் குறையைக் கண்டுபிடிக்கலாம். மூக்கில் ஏறும் காட்டமான அம்மோனியா வாடை வந்தால் காய்ந்த பொருள் போதவில்லை. அழுகிய முட்டை வாடை வந்தால் காற்று போதவில்லை. அம்மோனியா வாடை இருக்கும்போது சாம்பலோ சுண்ணாம்போ போடக் கூடாது. அவற்றின் காரம் அந்த வாயுவை மேலும் கிளப்பிவிடும்.

மக்கும் குப்பையைப் பிளாஸ்டிக் பையில் இறுகக் கட்டிப் போட்டால் ஈ வராதல்லவா? (வாசகர், சேலம்)

கட்டியிருக்கும் வரை வெளியிலிருந்து ஈ வராது. ஆனால் சமையலறையிலேயே முட்டை இடப்பட்டிருந்தால் அது உள்ளே பொரிக்கும். காற்றில்லாத வெப்பத்தில் குப்பை கூழாகும். பையைக் கையால் அவிழ்த்துப் பிரிக்கும் தூய்மைப் பணியாளரின் முகத்தில் அத்தனையும் அடிக்கும். ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பைகளுக்கு 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தடையும் உள்ளது. செய்தித்தாள் விரித்த வாளியாகவே கொண்டுபோய்க் கவிழ்த்துவிடுங்கள்.

குழந்தையின் டயப்பரையும் அதே தொட்டியில் போடுகிறோம். சரியா? (வாசகி, திருச்சி)

சரியல்ல. மலம் ஈக்களுக்கு மிகப் பிடித்த முட்டையிடும் இடம். அதில் உட்கார்ந்த ஈ நேராகச் சாதத்துக்கு வரும். மலத்தைக் கழிப்பறையில் தட்டிவிட்டு, டயப்பரைத் தாளில் சுற்றித் தனியாக வைத்து, தனியாகவே ஒப்படைக்க வேண்டும். டயப்பரைப் பத்திரமாகச் சுற்றியே போட வேண்டும் என்று 2016ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகளும் கூறின.

ஒரு வாரம் வெளியூர் போகிறோம். தொட்டியை என்ன செய்வது? (வாசகர், நாகர்கோவில்)

புறப்படும் நாள் காலையில் காலி செய்து, தேய்த்துக் கழுவி, மூடியைத் திறந்து கவிழ்த்து வைத்துவிட்டுப் போங்கள். அதற்குப் பின் யாராவது வழிப்பயணத்துக்கென்று பழம் நறுக்கி, தோலைச் சிங்க்கில் விட்டுவிடாமலும் பார்த்துக்கொள்ளுங்கள். வெங்காயக் கூடையையும் ஒருமுறை அடிவரை கிளறிப் பார்த்துவிடுவது நல்லது.