வெளியே திரியும் பூனைக்கு எந்த மருந்து?

செல்லப்பிராணிகள்: கேள்வி – பதில்

கேள்வி: எங்கள் கடுவன் பூனைக்கு 5 வயது, நிறை 4.2 கிலோ. கருத்தடை செய்தாயிற்று. பகல் முழுக்க மதிலும் ஒழுங்கையும்தான் அவனுக்கு வீடு. கழுத்தையும் காதோரத்தையும் இரத்தம் வரச் சொறிகிறான். மேலுதட்டிலும் ஒரு புண். போன வருடம் இரண்டு மாதத்துக்கொரு தரம் 'டெப்போ' ஊசி போட்டோம். இரண்டொரு நாளில் சொறி நின்றுவிடும். இப்போது ஐந்து வாரத்திலேயே திரும்பி வருகிறது. பிரெட்னிசொலோன் என்ற ஸ்டெரொயிட் குளிசைக்கு மாறலாம், அல்லது சைக்ளோஸ்போரின் என்ற மருந்தைக் கொடுக்கலாம் என்கிறார் மிருக வைத்தியர். ஒன்று ஆயுளைக் குறைக்கும், மற்றது எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் என்று அக்கம்பக்கத்தில் பயமுறுத்துகிறார்கள். எதைத் தெரிவது? மருந்தே வேண்டாமென்று விட்டுவிடலாமா?
— வாசகி, வெள்ளவத்தை

பதில்: விட்டுவிட முடியாது. கொழும்பு வெக்கையில் திறந்து கிடக்கும் புண்ணில் ஈ முட்டையிட்டால் ஓரிரு நாளில் புழு வைத்துவிடும். உதட்டுப் புண்ணும் சொறியைக் கிளப்பும் அதே ஒவ்வாமையின் இன்னொரு முகமாக இருக்கலாம். அப்படியானால் ஒவ்வாமை அடங்காமல் அதுவும் ஆறாது. ஆனால் மருந்தைத் தெரிய முன் சிகிச்சைக் கொப்பியை எடுத்து ஒன்றைப் பாருங்கள்: அந்த 'டெப்போ' எந்த டெப்போ?

டெப்போ-மெட்ரோல் என்பது மெதில்பிரெட்னிசொலோன், நீண்ட நாள் நிற்கும் ஸ்டெரொயிட். டெப்போ-புரோவெரா கருத்தடைக்கான ஹோர்மோன் ஊசி. இரண்டையுமே ஆட்கள் 'டெப்போ' என்றுதான் சொல்வார்கள். பழைய காலத்தில் பூனையின் சொறிக்கும் புரோவெரா போட்டதுண்டு. பூனைக்கு நீரிழிவு வரும் ஆபத்தை இரண்டுமே கூட்டும். புரோவெராவால் முலைக் கட்டியும் வரலாம். எது போட்டது, எத்தனை தடவை, கடைசித் திகதி எது என்று எழுதி வைத்தியரிடம் காட்டாமல் அடுத்த மருந்தைத் தொடங்க வேண்டாம்.

கொப்பியில் இருப்பது மெட்ரோல் என்று வைத்துக்கொள்வோம். ஒரு பூனைக்கு வழக்கமாக 20 மி.கி., அதாவது மி.லீ.க்கு 40 மி.கி. உள்ள குப்பியில் அரை மி.லீ. ஐந்து வாரத்துக்கொன்று என்றால் வருடத்துக்குப் பத்து ஊசி, 200 மி.கி. வலுவில் இது 250 மி.கி. பிரெட்னிசொலோனுக்குச் சமம். அரைக் குளிசையை, அதாவது 2.5 மி.கி.யை, ஒருநாள் விட்டு ஒருநாள் வருடம் முழுக்கக் கொடுத்தால் கிட்டத்தட்ட 455 மி.கி. வருகிறது. கூட்டிப் பார்த்தால் ஊசிதான் குறைவு! ஆனாலும் நம் கட்சி குளிசைதான். ஊசி மருந்து வாரக்கணக்கில் இடைவெளியே இல்லாமல் உடம்பில் இருக்கும். ஒருநாள் விட்டுக் கொடுக்கும் குளிசை, அட்ரினல் சுரப்பி தன் வேலையைத் தானே பார்க்க ஒருநாள் விடுகிறது. இன்னொன்று, ஏறிய ஊசியை வெளியே எடுக்க வழியில்லை. குளிசையில் இருக்கும்போது சர்க்கரை ஏறினால் அளவைக் குறைத்து நிறுத்தலாம். நேரத்தோடு பிடித்தால் பல பூனைகளில் நீரிழிவு மறைந்தும் போகும்.

ஊசிக்கு வருடத்தில் மூன்று, மிஞ்சினால் நான்கு என்று எல்லை வைப்பது நல்லது. நீங்கள் அதைத் தாண்டியாயிற்று. இதயக் கோளாறு வெளியே தெரியாமல் இருக்கும் பூனைக்கு இந்த ஊசிக்குப் பிறகு இதயச் செயலிழப்பு வருவதும் உண்டு. கடைசி ஊசி போட்டு ஒரு மாதம் ஆகவில்லையென்றால், அவன் ஆழ்ந்து தூங்கும்போது நெஞ்சு ஏறி இறங்குவதை ஒரு நிமிடம் எண்ணுங்கள். 30க்கு மேல் போனால் அன்றே காட்ட வேண்டும்.

குளிசைக் கணக்கு இது. பிரெட்னிசொலோன் ஒரு கிலோ நிறைக்கு நாளுக்கு 1 முதல் 2 மி.கி. வரை தொடங்குவார்கள். உங்கள் பூனைக்கு 5 மி.கி. குளிசையில் ஒன்று, கூடினால் ஒன்றரை. சொறி அடங்கும்வரை தினமும். பெரும்பாலும் ஒன்றிரண்டு வாரம். பிறகு அதே அளவை ஒருநாள் விட்டு ஒருநாள் இரண்டு வாரம், அடுத்து அரைக் குளிசை. சொறி திரும்பினால் ஒரு படி மேலே ஏறுங்கள், தொடக்கத்துக்கே போக வேண்டியதில்லை. கனடாவிலிருந்து உறவினர் அனுப்பும் போத்தலில் 'பிரெட்னிசோன்' என்று இருந்தால் அதை எடுக்க வேண்டாம். மனிதருக்குச் சரி, பூனையின் உடம்பு அதைப் பிரெட்னிசொலோனாக நன்றாக மாற்றிக்கொள்ளாது. பெயரில் இரண்டு எழுத்து வித்தியாசம்தான், ஆனால் மருந்து வேலை செய்யாமல் போவதற்கு அது போதும்.

குளிசை கசக்கும். நாக்கில் பட்டால் நுரை நுரையாகத் துப்புவான். துளி பட்டரில் புரட்டி நாக்கின் மேல், பின்கோடியில், தொண்டைப் பக்கமாக வையுங்கள். பின்னாலேயே ஊசியில்லாத சிரிஞ்சில் 5 மி.லீ. தண்ணீரை வாயோரத்தால் மெதுவாக விடுங்கள். காய்ந்த குளிசை உணவுக்குழாயில் ஒட்டிக்கொண்டு புண்ணாக்காமல் இருக்கத்தான் இது. வயிறு காலியாக இருக்கும்போது கொடுக்க வேண்டாம்.

வெளிப் பூனையில் குளிசைக்கு உள்ள பெரிய ஆபத்து பக்க விளைவுப் பட்டியலில் இல்லை: அவன் காணாமல் போவான். தினமும் மருந்து எடுத்து இரண்டு மூன்று வாரம் ஆன பூனை மூன்று நாள் வீடு வராவிட்டால், ஸ்டெரொயிட் திடீரென்று நின்றதால் சோர்வு, வாந்தி, உணவு மறுப்பு வரலாம். ஆகவே தினசரிக் கட்டம் முடியும்வரை அறையில் வைத்திருங்கள். ஒருநாள் விட்டு ஒருநாள் என்ற கட்டத்துக்கு வந்தபின் வெளியே விட்டால், ஒரு வேளை தவறினாலும் பெரிய சேதம் இல்லை. தவறிய அளவையும் சேர்த்து இரட்டிப்பாகக் கொடுக்க வேண்டாம்.

அடுத்தது சைக்ளோஸ்போரின். கிலோவுக்கு 7 மி.கி.; மி.லீ.க்கு 100 மி.கி. உள்ள பூனைத் திரவத்தில் உங்களுக்கு 0.3 மி.லீ., நாளுக்கு ஒரு தரம். நாலு முதல் ஆறு வாரம் போகாமல் பலன் தெரியாது. 'பத்து நாள் கொடுத்தேன், ஒன்றுமில்லை' என்று நிறுத்துவோர்தான் அதிகம். பலன் பிடித்தபின் ஒருநாள் விட்டு ஒருநாள், சிலருக்கு வாரம் இருமுறையும் போதும். வாந்தியும் வயிற்றுப்போக்கும் வரலாம், நிறையும் குறையலாம். நீரிழிவுப் பயம் இதில் குறைவு. இங்கே பயம் எலியில் இருக்கிறது. எலியையோ பறவையையோ பிடித்துத் தின்னும் பூனைக்கு டொக்ஸோபிளாஸ்மா கிருமி தொற்றலாம். சாதாரணமாக அது ஆளைப் படுத்தாது. இந்த மருந்தில் இருக்கும்போது முதன்முறையாகத் தொற்றினால் உயிரையே எடுக்கலாம். எனவே தொடங்க முன் மூன்று இரத்தப் பரிசோதனை கேளுங்கள்: பூனை எயிட்ஸ் எனப்படும் எஃப்.ஐ.வி., பூனை லுக்கீமியா வைரஸ், டொக்ஸோபிளாஸ்மா. கடைசியதில் 'முன்பே தொற்றியிருக்கிறது' என்று வந்தால் ஓரளவு நிம்மதி. 'தொற்றே இல்லை' என்று வந்தால்தான் கவலை. கேட்க முரணாக இருக்கும். புதிதாகத் தொற்றுவதில்தான் ஆபத்து. விசர்நாய்த் தடுப்பூசி தவறியிருந்தால் அதையும் முதலில் போட்டுவிடுங்கள். மருந்து தொடங்கியபின் போட்டால் பலன் குறையலாம்.

எங்கள் தீர்ப்பு இது: இரவும் பகலும் வெளியே போய் வேட்டையாடுகிறவனுக்கு முதலில் குறைந்த அளவுப் பிரெட்னிசொலோன். அதில் சர்க்கரை எட்டிப் பார்த்தாலோ, ஒருநாள் விட்டு ஒருநாள் அரைக் குளிசை என்ற அளவுக்கு இறக்கவே முடியாவிட்டாலோ, அவனை வீட்டுக்குள் வைக்கத் தயாராகிக்கொண்டு சைக்ளோஸ்போரின். உதட்டுப் புண் குளிசைக்கும் ஆறாவிட்டால் மருந்தை ஏற்றிக்கொண்டே போகாமல், சிறு துண்டு வெட்டிப் பரிசோதிக்கக் கேளுங்கள்.

எந்த மருந்தானாலும் அளவை இறக்கித் தருவது தெள்ளை ஒழிப்பதுதான். 'எங்கள் பூனையில் தெள்ளே இல்லை' என்று பலர் சொல்வார்கள். ஒவ்வாமை உள்ள பூனை நக்கி நக்கித் தெள்ளை விழுங்கிவிடுமே! மெல்லிய சீப்பால் வாலடியில் வாரி, விழும் கருந்துகளை நனைத்த வெள்ளை டிஷ்யூவில் போடுங்கள். துகளைச் சுற்றிச் செம்பழுப்பு நிறம் பரவினால் அது தெள்ளின் எச்சம், அதாவது செரித்த இரத்தம். செலமெக்டின் போன்ற பிடரித் துளி மருந்தை மாதம் ஒன்றாக, குறைந்தது மூன்று மாதம், வீட்டிலுள்ள எல்லாப் பூனை நாய்களுக்கும் போட வேண்டும். கூட்டுப்புழுக்கள் பாயிலும் மெத்தையிலும் வாரக்கணக்கில் கிடந்து பிறகு வெளிவரும் என்பதால் ஒரு மாதத்தில் கைவிட்டால் காசும் போயிற்று, பலனும் போயிற்று. நாய்க்கென்று விற்கும் துளி மருந்திலும் உண்ணி மருந்திலும் பெர்மெத்ரினோ அமிட்ராஸோ இருந்தால் பூனைக்கு அது விஷம். இரண்டு பெயரையும் எழுதிப் பையில் வைத்துக்கொள்ளுங்கள்.

மூக்குத்தண்டிலும் காதின் வெளிப்பக்கத்திலும் பொருக்கு இருந்தால் நுளம்புக் கடி ஒவ்வாமையையும் யோசிக்க வேண்டும். நுளம்பு வலை அடித்த அறையில் ஒரு வாரம், பத்து நாள் வைத்துப் பாருங்கள். மருந்தில்லாமலே பொருக்கு உதிர்ந்தால் காரணம் தெரிந்துவிட்டது. பிறகு பொழுது சாயுமுன் உள்ளே கூப்பிட்டு, விடிந்தபின் விட்டாலே பாதி வேலை முடிந்தது.

உணவு ஒவ்வாமையையும் சந்தேகிக்கலாம். பூனைக்குப் பெரும்பாலும் ஒத்துக்கொள்ளாதவற்றில் மீனும் கோழியும் மாட்டிறைச்சியும் உண்டு. ஆனால் முன்பு தின்றிராத ஒரே இறைச்சியை 8 வாரம், வேறெதுவும் வாயில் படாமல் கொடுத்தால்தான் அது சோதனை. மூன்றாம் வீட்டு ஆன்ட்டி நெத்தலித் தலை போடும்வரை அது நடக்காது. இழுத்தால் கழன்றுவிடும் கழுத்துப்பட்டியில் 'மருந்தில் இருக்கிறான், சாப்பாடு போட வேண்டாம்' என்று தமிழிலும் சிங்களத்திலும் எழுதிக் கட்டிப் பார்க்கலாம். முழுப் பலன் தருமென்று சொல்லமாட்டோம்.

கேள்வி: வெளியே சலம் போகும் பூனைக்கு நீரிழிவு வந்ததை எப்படிக் கண்டுபிடிப்பது?
— வாசகர், தெஹிவளை

பதில்: மாதம் ஒருநாள் அறையில் அடையுங்கள். காலையில் தாராளமாகத் தண்ணீர் அளந்து வைத்து, மறுநாள் காலை மிச்சத்தை அளவுங்கள். ஒரு கிலோ நிறைக்கு 100 மி.லீ.க்கு மேல் குடித்திருந்தால் பரிசோதனை அவசியம். 50 தாண்டினாலே கவனிக்கலாம். ஈர உணவு தின்னும் பூனை குறைவாகத்தான் குடிக்கும் என்பதையும் நினைவில் வையுங்கள். அன்றைக்குத் தட்டில் மண்ணுக்குப் பதிலாகக் கழுவிக் காயவைத்த மீன்தொட்டிக் கல்லைப் பரப்பினால் சலம் அடியில் தேங்கும். சிரிஞ்சில் இழுத்து, பாமசியில் வாங்கும் சலச் சர்க்கரைப் பட்டியில் ஒரு துளி விடுங்கள். போத்தலில் சொன்ன விநாடி கழித்து நிறத்தைப் பாருங்கள். பிந்திப் பார்த்தால் நிறம் ஏமாற்றும். சர்க்கரை காட்டினால் அடுத்த வேளை ஸ்டெரொயிட் குளிசைக்கு முன் வைத்தியரை அழையுங்கள். நன்றாகத் தின்றும் நிறை குறைகிறதென்றால் பட்டிக்காகக் காத்திருக்க வேண்டாம்.

கேள்வி: பிரிட்டன் (Piriton) என்ற ஒவ்வாமைக் குளிசை வீட்டில் இருக்கிறது. சொறிக்குக் கொடுக்கலாமா? வலிக்குப் பனடோல்?
— வாசகி, கொட்டாஞ்சேனை

பதில்: பனடோல் ஒருபோதும் இல்லை. 500 மி.கி. குளிசை ஒன்றே பூனையைக் கொல்லப் போதும். அதன் சிறு துண்டும் ஆபத்து. முரசு பழுப்பு நிறமாகி, முகமும் பாதமும் வீங்கி, மூச்சு வாங்கும். தவறிக் கொடுத்துவிட்டால் அறிகுறி வரும்வரை காத்திராமல் உடனே கொண்டு ஓடுங்கள். நச்சுமுறி மருந்து நேரத்தோடு ஏறினால்தான் பலன்.

பிரிட்டன் 4 மி.கி. குளிசையில் பாதியை 12 மணிக்கொரு தரம் வைத்தியர்கள் எழுதுவதுண்டு. சுமாரான சொறிக்குச் சில பூனைகளில் கேட்கும். இரத்தம் வரச் சொறிகிறவனுக்குத் தனியாகப் போதாது. மயக்கத் தூக்கம் வரும் என்பதால், காலி வீதி போன்ற வாகன நெரிசலான வீதியைக் கடக்கிற பூனைக்கு முதல் இரண்டு மூன்று நாள் வீட்டுக்குள் வைத்துக் கொடுக்க வேண்டும். சலம் அடைத்த வரலாறுள்ள கடுவனுக்கு வேண்டாம். மூக்கடைப்பு மருந்து கலந்த தடிமன் குளிசைகள் எதையும் தொடக்கூடாது.

கேள்வி: நாயின் சொறிக்கு வாங்கிய அப்போகுவெல் குளிசை மிஞ்சியிருக்கிறது. நாய்க்குப் போட்ட சைட்டோபொயின்ட் ஊசியும் நன்றாக வேலை செய்தது. பூனைக்குப் பாவிக்கலாமா?
— வாசகர், பம்பலப்பிட்டி

பதில்: சைட்டோபொயின்ட் கூடாது. அது நாய்க்கென்றே வடிவமைத்த புரதம். பூனையின் உடம்பு அதை அந்நியமாகக் கண்டு கடும் எதிர்வினை காட்டலாம். அப்போகுவெல் நாய்க்கு அனுமதி பெற்றது. பூனைக்குச் சில வைத்தியர்கள் தம் பொறுப்பில் எழுதுகிறார்கள், நாளுக்கு இருமுறை, நாயின் அளவைவிடக் கூட்டி. அதுவும் எதிர்ப்புச் சக்தியைத் தொடும் மருந்துதான். எஃப்.ஐ.வி. உள்ள ஒரு பூனை அதை எடுக்கும்போது டொக்ஸோபிளாஸ்மாவால் இறந்தது பதிவாகியிருக்கிறது. பரிசோதனை இல்லாமல் மிச்சக் குளிசையை உடைத்துக் கொடுப்பதற்கு நாங்கள் எதிர்.

கேள்வி: வேப்பெண்ணெய் பூசினால் போதுமென்கிறார்களே?
— வாசகி, வத்தளை

பதில்: பூனை பூசியதெல்லாவற்றையும் நக்கும். வேப்பெண்ணெய், தேயிலை மர எண்ணெய், தலைவலித் தைலம் மூன்றும் வேண்டாம். எச்சில் வடித்து, தள்ளாடத் தொடங்கினால் வெதுவெதுப்பான தண்ணீரில் பாத்திரம் கழுவும் திரவம் சிறிது விட்டுக் கழுவி, துவாயில் சுற்றிக் கொண்டு போங்கள். பூசிய போத்தலையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.

கேள்வி: சைக்ளோஸ்போரின் எடுக்கும் பூனை இருக்கும் வீட்டில் மகள் கர்ப்பமாக இருக்கிறாள். பூனையை அனுப்பிவிட வேண்டுமா?
— வாசகி, மட்டக்குளி

பதில்: வேண்டாம். புதிதாகத் தொற்றிய பூனையின் மலத்தில்தான், அதுவும் ஒன்று முதல் மூன்று வாரம்வரை, கருவைத் தாக்கக்கூடிய டொக்ஸோபிளாஸ்மாவின் முட்டைகள் வரும். வெளியே வந்த முட்டை தொற்றக்கூடியதாக ஒருநாளாவது, சிலவேளை ஐந்து நாள்வரை ஆகும். ஆகவே மண் தட்டைத் தினமும், மகளைத் தவிர வேறொருவர் துப்புரவாக்கினால் போதும். தோட்ட மண்ணைக் கிளறும்போது மகள் கையுறை போடட்டும், இறைச்சி நன்றாக வேகட்டும். மருந்துத் திரவத்தையும் அவர் கையாள வேண்டாம். கொடுப்பவர் கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவட்டும்.