மகளுக்கு இன்சுலின் பம்ப்: சென்னைக்குப் புதிதாக வந்த தங்கச்சிக்கு

தங்கச்சி, யாழ்ப்பாணத்திலிருந்து சென்னைக்கு வந்து கொஞ்ச நாள்தான் ஆகிறது, பத்து வயது மகளுக்கு டைப் 1 நீரிழிவு, இங்குள்ள டாக்டர் இன்சுலின் பம்புக்கு மாறலாம் என்கிறார், இந்த வெயிலிலும் புது ஊரிலும் சமாளிக்க முடியுமா என்று கேட்டிருந்தீர்கள். முடியும். நானும் ஊரிலிருந்து வந்து வளசரவாக்கத்தில் நிலைத்தவள்தான். என் மகன் பம்போடுதான் இங்கே வளர்ந்தான், இப்போது கல்லூரிக்குப் போகிறான். ஆனால் பம்ப் வாங்கும் முன் ஒரு விஷயத்தை நீங்கள் நன்றாக மனதில் வாங்கிக்கொள்ள வேண்டும்.

இப்போது மகளுக்கு இரண்டு வகை இன்சுலின் போடுவீர்கள். நாள் முழுக்க மெதுவாக வேலை செய்வது ஒன்று, சாப்பாட்டுக்கு முன் போடும் வேகமானது இன்னொன்று. பம்ப் என்பது உடம்போடு மாட்டிக்கொள்ளும் சின்னக் கருவி, அதற்குள் வேகமானது மட்டும்தான் இருக்கும். அதையே இரவு பகலாகத் துளித்துளியாக விட்டுக்கொண்டிருக்கும். சாப்பிடும்போது நாம் மாவுச்சத்துக் கணக்கைச் சொன்னால் அதற்கும் சேர்த்துக் கொடுக்கும். அதனால் குழாய் மடங்கினாலோ, செட் (பம்பிலிருந்து இன்சுலினைத் தோலுக்கடியில் கொண்டுபோகும், பிளாஸ்டரால் ஒட்டும் மெல்லிய குழாய்) தோலிலிருந்து கழன்றாலோ உடம்பில் கையிருப்பு என்று எதுவும் இருக்காது. சில மணி நேரத்திலேயே சர்க்கரை ஏறி, கீட்டோன், அதாவது இன்சுலின் இல்லாமல் உடம்பு கொழுப்பைக் கரைக்கும்போது வரும் அமிலம், ரத்தத்தில் சேர ஆரம்பித்துவிடும். பம்ப் ஓடும்போது பிள்ளைக்கு வாழ்க்கை உண்மையிலேயே லேசாகிறது. அது நிற்கும் அந்தச் சில மணி நேரத்துக்குத்தான் அம்மா அப்பா தயாராக இருக்க வேண்டும்.

எங்கள் வீட்டுப் பழக்கம் இது. சர்க்கரை 250-ஐத் தாண்டி, பம்ப் வழியாகத் திருத்த டோஸ் (சர்க்கரையை இறக்கக் கூடுதலாக விடும் இன்சுலின்) கொடுத்தும் ஓரிரண்டு மணி நேரத்தில் இறங்கவில்லை என்றால் அந்தச் செட்டை நம்புவதில்லை. கீட்டோன் பார்ப்போம், பேனா ஊசியால் இன்சுலின் போடுவோம், புது செட் மாற்றுவோம். உங்கள் மகளுக்கு எத்தனை யூனிட் என்பதை டாக்டரிடம் முன்கூட்டியே எழுதி வாங்கி ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டுங்கள். வாந்தி, வயிற்றுவலி, வேகமாக ஆழமாக மூச்சு வாங்குவது என்றால் வீட்டில் வைத்துப் பார்க்கவே வேண்டாம், நேரே ஆஸ்பத்திரிதான். பம்ப் வந்துவிட்டது என்று பேனாக்களைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். இரண்டு வகை இன்சுலினும், கீட்டோன் ஸ்ட்ரிப்பும், குளுக்கோமீட்டரும், ஒரு ஸ்பேர் செட்டும், பேட்டரியும், குளுக்கோஸும் ஒரே பையில் இருக்கட்டும். மகள் போகும் இடமெல்லாம் அந்தப் பையும் போக வேண்டும்.

சரி, வெயிலுக்கு வருகிறேன். சென்னையில் வியர்வைதான் பெரிய தொல்லை, பிளாஸ்டர் உரிந்து வந்துவிடும். செட்டை இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை எப்படியும் மாற்றத்தான் வேண்டும். குளித்து, தோலை நன்றாகத் துடைத்து, ஸ்பிரிட் பஞ்சு காய்ந்த பிறகு, மின்விசிறிக்குக் கீழே உட்காரவைத்துப் போடுங்கள். தலைக்கு எண்ணெய் வைத்துக் குளிக்கும் நாளைச் செட் மாற்றும் நாளாக வைத்துக்கொண்டால் நல்லது. பழைய செட்டைக் கழற்றிவிட்டு எண்ணெய் தேய்த்து, சோப்புப் போட்டுக் குளித்ததும் புதியது. பம்ப் இல்லாத நேரம் ஒரு மணி நேரத்துக்கு மேல் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். வயிறு, தொடை, பின்பக்கம் என்று இடத்தையும் மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். ஒரே இடத்தில் போட்டால் தோல் தடித்து இன்சுலின் சரியாக இறங்காது.

ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த உடனே இன்சுலினைப் பம்பில் நிரப்பாதீர்கள். குளிர்ச்சி போன பிறகு நிரப்பினால் காற்றுக் குமிழி குறையும். பம்பில் இருக்கும் இன்சுலின் 37 டிகிரிக்கு மேல் சூடாகிவிட்டால் அதை மாற்றிவிட வேண்டும். கத்திரி வெயிலில் பிள்ளையைப் பம்போடு மதிய வெயிலில் விளையாட விடுவதோ, பையைக் காருக்குள் விட்டுவிட்டுப் போவதோ வேண்டாம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது நகரத்தில் பல இடங்களில் நாள்கணக்கில் கரண்ட் இல்லை. அப்படியான நாளில் ஈரமணல் போட்ட மண்பானைக்குள் இன்சுலினைத் தண்ணீர் படாமல் வைக்கலாம். ஐப்பசி பிறந்ததும் நான் செட்டும் இன்சுலினும் கொஞ்சம் கூடுதலாகவே வாங்கி வைத்துவிடுவேன்.

சாப்பாட்டுக் கணக்கை மகள் பேனா போடும் காலத்திலேயே பழகட்டும். மெட்ரானிக் நிறுவனத்தின் 780ஜி போன்ற பம்ப், தோலில் ஒட்டிச் சர்க்கரையை அளந்துகொண்டே இருக்கும் சென்சாரைப் பார்த்து ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை தானே அளவைக் கூட்டிக் குறைக்கும். இருந்தாலும் தட்டில் என்ன இருக்கிறது என்று அதற்குத் தெரியாது, நாம்தான் சொல்ல வேண்டும். ஒரு சின்னத் தராசு வாங்குங்கள். வேகவைத்த சோறு ஒரு கப்பில் சுமார் 45 கிராம் மாவுச்சத்து. நம் புட்டையும் இடியப்பத்தையும் நீங்கள் செய்யும் அளவில் நிறுத்து எழுதி வையுங்கள், கடைக் கணக்கு உதவாது. நெய் மிதக்கும் வெண்பொங்கல் சாப்பிட்டால் சர்க்கரை உடனே ஏறாமல் பல மணி நேரம் கழித்து ஏறும், அந்த இரவு ஒருமுறை எழுந்து பாருங்கள்.

பள்ளிக்கூடத்தில் வகுப்பு டீச்சருக்கு ஒரே ஒரு தாள் கொடுங்கள். சர்க்கரை 70-க்குக் கீழே போனால் 15 கிராம் குளுக்கோஸ், 15 நிமிடம் கழித்து மறுபடி பார்ப்பது, அம்மாவுக்கு போன், பிள்ளையைத் தனியாக எங்கும் அனுப்பக்கூடாது. இதுவே போதும். சிபிஎஸ்இ பள்ளி என்றால், டைப் 1 பிள்ளைகள் பொதுத்தேர்வு அறைக்குள் சர்க்கரை மாத்திரையும் பழமும் எடுத்துப்போக 2017-இலேயே அனுமதி கொடுத்துவிட்டார்கள், பின்னால் அது உதவும்.

காசு விஷயத்தை ஒளிக்காமல் சொல்கிறேன், பம்ப் லட்சக்கணக்கில் வரும். அதைவிட முக்கியம் மாதாமாதம் வரும் செலவு. மூன்று நாளுக்கு ஒன்று என்றாலே மாதம் பத்துச் செட், அதோடு சென்சார். ஒரு வருடத்துக்கு அது முடியுமா என்று கணக்குப் போட்டுவிட்டு முடிவெடுங்கள். முடியாது என்றால் பேனாவோடும் பிள்ளையை நன்றாக வளர்க்கலாம், அதில் குற்ற உணர்ச்சி வேண்டாம். நாளைக்கு நீங்கள் ஊருக்கே திரும்பினால் வாரண்டி அங்கே செல்லுமா, செட் கிடைக்குமா என்பதையும் பணம் கட்டும் முன்பே எழுத்தில் கேட்டு வாங்குங்கள். யாழ்ப்பாணத்துப் பலாலி விமான நிலையத்துக்கு விமானத்தில் போகும்போது இன்சுலின் கைப்பையில்தான் இருக்க வேண்டும். பம்பை எக்ஸ்ரே இயந்திரத்தில் வைக்காமல் கையால் சோதிக்கச் சொல்லுங்கள், டாக்டர் கடிதம் கையில் இருந்தால் பேச்சு சீக்கிரம் முடியும்.

பரீட்சை இல்லாத, நீங்கள் இருவருமே வீட்டில் இருக்கக்கூடிய ஒரு வாரத்தில் ஆரம்பியுங்கள். முதல் சில இரவுகள் இரண்டு மணிக்கும் எழுந்து பார்க்க வேண்டியிருக்கும். இந்தப் பக்கம் வர முடிந்தால் மகளையும் கூட்டிக்கொண்டு வாங்கோ. செட் எப்படிப் போடுவது என்று மகனே அவளுக்குக் காட்டுவான்.