பெருந்தொற்றில் தள்ளிப்போன பித்தப்பை அறுவை: இனியும் தேவையா?

கேள்வி: என் கணவருக்கு வயது 48. விசைப்படகில் தொழிலுக்குப் போகிறவர். நாங்கள் தங்கச்சிமடத்தில் இருக்கிறோம். 2020 ஜூலையில் ஒரு சனிக்கிழமை இரவு அவருக்கு மேல்வயிற்றில் கடுமையான வலி வந்து முதுகுவரை இழுத்துப் பிடித்தது. வாயு என்று நினைத்து இஞ்சிச் சாறும் சோடாவும் கொடுத்தோம். மறுநாள் தளர்வில்லா ஊரடங்கு என்பதால் திங்கள் காலையில்தான் பாம்பன் பாலம் தாண்டி இராமநாதபுரத்தில் ஒரு மருத்துவமனைக்குக் கொண்டுபோனோம். கொரோனா பரிசோதனை முடிவு வரும்வரை தனி வார்டில் வைத்தார்கள். தொற்று இல்லை என்று வந்தது. பித்தப்பையில் கல் இருப்பதால் கணைய அழற்சி வந்திருக்கிறது என்று சொல்லி, ஒன்பதாம் நாள் வீட்டுக்கு அனுப்பினார்கள். பித்தப்பையை எடுப்பதற்கு, "கொரோனா முடிந்ததும் வாருங்கள்" என்றார்கள். அதன்பின் வலி இல்லாததால் நாங்கள் போகவில்லை. இப்போது இரண்டு மாதமாக எண்ணெய்ப் பலகாரம், பிரியாணி சாப்பிட்டால் வலது பக்கம் வலிக்கிறது. அன்று தனி வார்டில் வைத்ததால் சிகிச்சை கெட்டுப்போனதா? இனியும் அறுவை தேவையா? மறுபடி அப்படியொரு காலம் வந்தால் நாங்கள் என்ன செய்வது?

— ஒரு வாசகி, தங்கச்சிமடம்

பதில்: சகோதரி, உங்கள் மூன்று கேள்விகளில் நடுவில் இருப்பதுதான் அவசரமானது என்பதால் அதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். அறுவை தேவை. இத்தனை ஆண்டுகள் வலி இல்லாமல் இருந்ததால் கல் போய்விட்டது என்று பொருளில்லை. இப்போது வரும் வலி, அந்தக் கல் பித்தப்பையின் வாயில் வந்து முட்டுவதால் உண்டாவதாக இருக்கவே வாய்ப்பு அதிகம். வாழைத்தண்டுச் சாறு, கல்லைக் கரைக்கும் பொடி என்று யார் எதைச் சொன்னாலும் அதை நம்பி நாள் கடத்த வேண்டாம். வாழைத்தண்டை நம் மக்கள் சிறுநீரகக் கல்லுக்குக் குடிக்கிறார்கள். பித்தப்பைக் கல்லை அது கரைக்காது.

இனி அன்று நடந்ததைப் பார்ப்போம். கணையம் இரைப்பைக்குப் பின்னால், முதுகெலும்பை ஒட்டிக் கிடக்கிற உறுப்பு. அதன் செரிமான நீரும் பித்தநீரும் சிறுகுடலுக்குள் இறங்குவது பெரும்பாலோருக்கு ஒரே வாசல் வழியாகத்தான். பித்தப்பையிலிருந்து நழுவிய ஒரு சிறு கல் அந்த வாசலில் சிக்கிக்கொண்டால், சோற்றையும் மீனையும் கறியையும் செரிக்க வேண்டிய நொதிகள் கணையத்துக்குள்ளேயே விழித்துக்கொண்டு, அந்த உறுப்பையே செரிக்கத் தொடங்கிவிடுகின்றன. பெரிய கல்லைவிட மிளகளவுக் கல்லே இதில் ஆபத்தானது, ஏனென்றால் அதுதான் எளிதில் நழுவும். வலி முதுகுக்குப் பாய்வதும், முன்னால் குனிந்து உட்கார்ந்தால் சற்றுத் தணிவதும், வாந்தி எடுத்த பிறகும் வலி விடாததும் இந்நோயின் அடையாளங்கள். வாயு என்று நீங்கள் எண்ணியதில் குற்றம் ஏதுமில்லை. மருத்துவர்களே முதல் மணி நேரத்தில் அப்படி ஏமாறுவதுண்டு.

கணைய அழற்சியை நேராகத் தாக்கி அணைக்கும் மருந்து இன்றுவரை இல்லை என்பதை மக்கள் அதிகம் அறிவதில்லை. முதல் ஓரிரு நாட்கள் அளவறிந்து ஏற்றுகிற திரவம், வலி நீக்கம், பசி திரும்பியதும் வாய்வழி உணவு, இவற்றுக்கெல்லாம் மேலாக இடைவிடாத கண்காணிப்பு ஆகியவைதான் சிகிச்சை. நோயாளிகளில் ஏறத்தாழ 80 விழுக்காட்டினர் ஒரு வாரத்தில் தேறிவிடுவார்கள். மீதிப் பேர் யார் என்பது முதல் நாளில் முகத்தைப் பார்த்துத் தெரியாது. அழற்சி கண்ட இடத்தைச் சுற்றித் திரவம் கசிந்து தேங்குவதால் இரத்த ஓட்டத்தில் நீர் குறைகிறது. சிறுநீரகமும் நுரையீரலும் சுணங்கலாம். உறுப்புகளின் செயலிழப்பு 48 மணி நேரத்தைத் தாண்டியும் நீடித்தால் அதைக் கடுமையான கணைய அழற்சி என்று வகைப்படுத்துகிறோம். உயிரிழப்பு பெரும்பாலும் அந்தப் பிரிவில்தான்.

பெருந்தொற்று கைவைத்தது இந்தக் கண்காணிப்பில்தான். நான் அப்போது பணியிலிருந்த வார்டில் நடந்ததைச் சொல்கிறேன். 60 கிலோ எடையுள்ள நோயாளிக்கு மணிக்கு 30 மில்லி சிறுநீராவது பிரிய வேண்டும். படுக்கையோரம் தொங்கும் சிறுநீர்ப் பையை மணிக்கொருமுறை குனிந்து பார்த்தால் போதும். சாதாரண நாளில் அது அரை நிமிட வேலை. கொரோனா சந்தேக வார்டிலோ கவச உடை அணிந்து உள்ளே போனவர் மட்டுமே அதைப் பார்க்க முடியும். உள்ளேயிருந்த செவிலியர் அளவை ஒரு தாளில் பெரிதாக எழுதிக் கண்ணாடிக் கதவில் ஒட்டிப் பிடிப்பார், நாங்கள் வெளியே நின்று குறித்துக்கொள்வோம். அவருடைய முகக் கண்ணாடிக்குள் வேர்வை படிந்து 25 எது, 35 எது என்று அவருக்கே தெரியாமல் போன இரவுகள் உண்டு. இரண்டு கையுறை போட்ட விரல்களால் வயிற்றைத் தொட்டுப் பார்த்தால் இறுக்கம் எவ்வளவு என்று சரியாகப் பிடிபடாது. யாரும் அலட்சியமாக இருக்கவில்லை. ஆனாலும் மணிக்கொருமுறை நடக்க வேண்டியது நான்கு மணிக்கொருமுறையாகத் தேய்ந்தது.

அதோடு குழப்பங்களும் சேர்ந்துகொண்டன. கணைய அழற்சியிலும் மூச்சுத் திணறும், கொரோனாவிலும் திணறும். அழற்சிக்குத் திரவம் ஏற்ற வேண்டும் என்று ஒரு நோய் கேட்டது, நுரையீரலில் நீர் சேராதபடி கையைக் கட்டிக்கொள் என்று மற்றது கேட்டது. கணையத்தில் நோயே இல்லாத சில கொரோனா நோயாளிகளுக்கும் இரத்தத்தில் லைப்பேஸ் என்ற கணைய நொதி சற்று உயர்ந்திருந்தது. அதனால்தான், இந்நோய்க்கே உரிய வலி, இயல்பின் உச்ச வரம்பைவிட மூன்று மடங்கேனும் உயர்ந்த அமைலேஸ் அல்லது லைப்பேஸ் நொதி, ஸ்கேனில் தெரியும் மாற்றம் ஆகிய மூன்றில் குறைந்தது இரண்டு இருந்தால்தான் கணைய அழற்சி என்ற பழைய விதியை அந்த நாட்களில் இன்னும் கறாராகப் பின்பற்ற வேண்டியிருந்தது.

இரண்டு நோயும் ஒருவருக்கே வந்தபோது நிலைமை மோசமாயிற்று. முதல் அலையின்போது பல நாட்டு மருத்துவமனைகளில் கணைய அழற்சியோடு சேர்ந்த 1,700-க்கும் மேற்பட்டோரை வைத்து நடந்த ஓர் ஆய்வில், கொரோனா தொற்றும் இருந்தவர்களில் 14.7 விழுக்காட்டினர் 30 நாட்களுக்குள் இறந்தனர். தொற்று இல்லாதவர்களில் அது 2.6 விழுக்காடு. தொற்றியவர்கள் வயதில் மூத்தவர்களாகவும் இருந்தார்கள் என்பதைச் சேர்த்தே இதைப் படிக்க வேண்டும். உங்கள் கணவருக்குத் தொற்று இல்லை, கல்தான் காரணம். ஆகவே இந்தக் கணக்கு அவருக்குப் பொருந்தாது.

இப்போது உங்கள் முதல் கேள்விக்கு நேராக வருகிறேன். முடிவு வரும்வரை தனி வார்டில் வைத்ததைத் தவறு என்று நான் சொல்லமாட்டேன். அங்கே ட்ரிப்ஸ் ஏறியதா, வலிக்கு ஊசி போட்டார்களா, சிறுநீர் அளந்தார்களா என்பதே கேட்க வேண்டிய கேள்வி, ஏனெனில் பரிசோதனை முடிவுக்காக இந்தச் சிகிச்சையை நிறுத்திவைக்கத் தேவையில்லை. ஒன்பதாம் நாள் நடந்து வீடு திரும்பியிருக்கிறார் என்பதால் இவை நடந்திருக்கும் என்றே கொள்ளலாம். உண்மையில் இழந்த நேரம் வார்டில் போனதைவிட வீட்டில் போனதுதான் அதிகம். சனி இரவிலிருந்து திங்கள் காலைவரை சுமார் 36 மணி நேரம், திரவம் மிகவும் தேவைப்பட்ட பொழுதில், சோடாவோடு கழிந்திருக்கிறது. இதை உங்களை நோகடிக்கச் சொல்லவில்லை. அந்த ஜூலையின் ஞாயிற்றுக்கிழமைகளில் கடைத்தெருவே அடங்கிக் கிடந்தது. ஆனால் 108 வண்டி ஓடியது, அவசர மருத்துவத்துக்குத் தடை இருக்கவில்லை. அந்தச் செய்தி மக்களிடம் போய்ச் சேரும்படி நாங்கள் உரக்கச் சொல்லவில்லை என்பது எங்கள் தரப்புக் குறை.

என் மனத்தாங்கல் அறுவையைத் தள்ளிய விதத்தில்தான். கல்லால் வந்த கணைய அழற்சி லேசானதாக இருந்தால், அதே முறை படுக்கையில் இருக்கும்போதே பித்தப்பையை எடுத்துவிடுவது நல்லது என்பது பெருந்தொற்றுக்கு முன்பே உறுதியான ஒன்று. நெதர்லாந்தில் நடந்து 2015-இல் வெளியான ஆய்வில், வீட்டுக்கு அனுப்பிப் பல நாள் கழித்து அறுவை செய்தவர்களில் 17 விழுக்காட்டினர் கல் தொடர்பான சிக்கல்களால் மறுபடி சேர்க்கப்பட்டனர் அல்லது இறந்தனர். உடனே செய்தவர்களில் அது 5 விழுக்காடு. 2020-இல் அவசரமில்லாத அறுவைகளைத் தள்ளிவைத்ததற்குக் காரணங்கள் இருந்தன. மயக்கம் கொடுக்கத் தொண்டையில் குழாய் போடும்போது தொற்று பரவும் அச்சம் இருந்தது. படுக்கைகளும் மயக்கவியல் மருத்துவர்களும் கொரோனா பக்கம் திருப்பப்பட்டிருந்தனர். தொற்று வந்தவருக்கு 7 வாரத்துக்குள் அறுவை செய்தால் உயிராபத்து கூடுகிறது என்பதும் பிறகு தெரியவந்தது. தள்ளிவைத்ததை ஏற்கலாம். நாள் குறிக்காமல் தள்ளிவைத்ததை ஏற்க முடியவில்லை. "கொரோனா முடிந்ததும்" என்பது காலண்டரில் எந்தக் கட்டத்தில் வருகிறது? உலகச் சுகாதார நிறுவனம் அவசரநிலையை விலக்கிக்கொண்டது 2023 மே 5 அன்று. அன்றைக்கு உங்கள் வீட்டுக்கு யாரும் தொலைபேசியில் அழைத்து, "அம்மா, அந்தப் பித்தப்பை அப்படியே இருக்கிறதே" என்று கேட்டிருக்கப் போவதில்லை.

ஆகவே இப்போது செய்ய வேண்டியது இதுதான். வெறும் வயிற்றில் வயிற்று ஸ்கேனும், கல்லீரல் செயல்பாட்டுப் பரிசோதனையும் எடுத்துக்கொண்டு அறுவை மருத்துவரைப் பாருங்கள். பித்தநாளத்தில் கல் இறங்கியிருப்பதாகச் சந்தேகம் வந்தால் பித்தநாளத்தைப் படம்பிடிக்கும் எம்.ஆர்.சி.பி. ஸ்கேன் எடுத்து, வேண்டுமானால் வாய்வழியாகக் குழாய் விட்டுச் செய்யும் இ.ஆர்.சி.பி. முறையில் அதை அகற்றிவிட்டு, பிறகு சிறு துளைகள் வழியாகச் செய்யும் லேப்ராஸ்கோப்பி மூலம் பித்தப்பையை எடுப்பார்கள். கணையம் ஒருமுறை அடிபட்டவர்களில் சிலருக்குப் பின்னாளில் சர்க்கரை வருவதுண்டு. அதையும் சேர்த்துப் பார்த்துவிடுங்கள். மதுப் பழக்கம் இருந்தால் அறவே விட வேண்டும். அறுவை முடியும்வரை எண்ணெய்ப் பண்டங்களை ஒதுக்குவதோடு, கடலில் இரவு தங்கும் தொழிலுக்கு அவர் போகாமல் இருப்பது நல்லது. கரையில் வலி வந்தால் ஒரு மணி நேரத்தில் ட்ரிப்ஸ் ஏற்றிவிடலாம்; நடுக்கடலில் வந்தால் வலையை இழுத்துக் கரை திரும்பவே பாதி நாள் போய்விடும். இதற்கிடையே குளிர் நடுக்கத்தோடு காய்ச்சலோ, கண்ணில் மஞ்சளோ, முதுகுக்குப் பாயும் பழைய வலியோ கண்டால் ஸ்கேனுக்குக் குறித்த நாளுக்காகக் காத்திருக்காமல் அப்போதே 108-ஐ அழையுங்கள்.

மறுபடி ஒரு ஊரடங்கு வந்தாலும் இதே வழிதான். எடுத்த எடுப்பில் ஏறக்குறைய 160 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் மதுரைக்கு வண்டி பிடிக்க வேண்டாம். ட்ரிப்ஸ் ஏற்றக்கூடிய அருகிலுள்ள அரசு மருத்துவமனையில் முதல் சிகிச்சையைத் தொடங்கிவிட்டு, அங்கிருந்து எழுதிக் கொடுத்தால் மேலே செல்லலாம். 2022 ஜனவரியில் இராமநாதபுரத்திலேயே அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டுவிட்டதால், 2020-இல் இருந்ததைவிட இப்போது உங்களுக்குத் தூரம் குறைவு. எங்கே போவது என்று குழப்பமாக இருந்தால் 104 என்ற எண்ணில் ஆலோசனை கேட்கலாம்.

மருத்துவரைப் பார்க்கப் போகும்போது காப்பீட்டு அட்டையோடு 2020-இல் கொடுத்த டிஸ்சார்ஜ் சீட்டையும் தேடி எடுத்துக்கொள்ளுங்கள். பித்தப்பை அறுவை பின்னர் என்ற குறிப்பு அதில் எங்காவது இருக்கும். அந்த வரியைக் காட்டி, இம்முறை தேதியை எழுதி வாங்கிக்கொண்டு வாருங்கள்.